உறவினர் கையெழுத்து செல்லாது

ராட்டில் ஓடை,
கென்டக்கி.
ஏப்ரல் 22, செவ்வாய்க்கிழமை

வேதியியல் ஆசிரியரும் மாணவர் நன்மதிப்புச் சங்கத்தின் பொறுப்பாளருமான திரு. லிண்ட்கிரென் அவர்களின் சமூகத்துக்கு, பன்னிரண்டாம் வகுப்பு டார்சி ஸ்பர்லாக்கின் பாட்டி வெஸ்டா ஸ்பர்லாக் மரியாதையுடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் டார்சியும் கோழிகளும் சுகம். என் இடது முழங்கால் மட்டும் சுகமில்லை, அது மழையின் பேச்சைத்தான் கேட்கும். தங்கள் சுகத்தையும், எங்கள் ஓடையில் மாட்டிக்கொண்ட தங்கள் காரின் சுகத்தையும் அறிய ஆவல்.

நிற்க. தாங்கள் டார்சியிடம் கொடுத்தனுப்பிய தாளைப் படித்தேன். சங்கத்தில் இருக்கிற பிள்ளை வருஷத்துக்கு இருபத்தைந்து மணி நேரம் ஊருக்குத் தொண்டு செய்ய வேண்டும், அவள் செய்ததில் பத்தொன்பது மணி நேரம் செல்லாது, ஆறுதான் தேறும், வெள்ளிக்கிழமை ஐந்து ஆசிரியர்கள் கூடி அவளை வைத்துக்கொள்வதா நீக்குவதா என்று முடிவு செய்வார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள்தான். ஆனால் அந்த ஐந்திலும் வாசிப்பில் நான்தான் முதல். விதிப் புத்தகம் பதினொரு பக்கத்தையும் செப்டம்பர் மாதமே இரண்டு தடவை சத்தமாகப் படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன். அவள் அப்பன், என் மகன், லாரியில் பாதி நாட்டைச் சுற்றிக்கொண்டிருப்பதால் கையெழுத்தெல்லாம் என்னுடையதுதான். பட்டமளிப்பு நாளில் சங்கத்துப் பிள்ளைகள் கழுத்தில் போட்டுக்கொள்ளும் தங்க நிறக் கயிறு இருக்கிறதே, அதை மாட்ட என் வீட்டுக்காரரின் சுரங்கத் தொப்பிக்குப் பக்கத்தில் ஆணி அடித்து ஏழு மாதம் ஆகிறது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் கொடுத்து சுவரில் மாட்டும்படி இதுவரை ஒன்றும் வந்ததில்லை. வந்ததெல்லாம் மடித்துப் பைபிளுக்குள் ஒளித்து வைக்கும்படியான கடிதங்கள். அதனால் தாங்கள் கோடு போட்டு அடித்த பத்தொன்பது மணி நேரத்தைப் பற்றி ஒவ்வொன்றாகச் சொல்லிவிடுகிறேன், கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

முதலில் ஹோபார்ட்டுக்கு விறகு அடுக்கிய ஐந்து மணி நேரம். ஹோபார்ட்டைத் தங்களுக்குத் தெரியும். சங்கத்தில் பிள்ளைகளைச் சேர்த்த அன்று மேடையில் நாலு மெழுகுவர்த்தி வைத்து, படிப்பு, தலைமை, தொண்டு, நற்குணம் என்று ஒவ்வொன்றாக ஏற்றியபோது, தொண்டு மட்டும் பிடிக்காமல் புகைந்துகொண்டே இருந்ததே, அப்போது பின்வரிசையிலிருந்து "இரு தாயி, நான் வர்றேன்" என்று கத்திக்கொண்டு சிகரெட் லைட்டரோடு மேடை ஏறியவர்தான். நல்ல மனிதர். ஆனால் உண்மை பேசுகிற வியாதி உண்டு. தொண்டுத் தாளில் "மாணவிக்கும் உங்களுக்கும் என்ன உறவு?" என்று ஒரு கேள்வி இருக்கிறது. உறவினருக்குச் செய்தால் தொண்டு ஆகாது, உறவினர் கையெழுத்தும் செல்லாது. நான் சொன்னேன், "ஏம்ப்பா ஹோபார்ட், அக்கம்பக்கத்து ஆளுன்னு எழுதிட்டுப் போயேன்."

"பொய் எழுதச் சொல்றியா மதினி? என் மொதல் பொண்டாட்டி உனக்குச் சின்னம்மா மக."

"அவதான் விவாகரத்து வாங்கிட்டுப் போயிட்டாளே! விட்டுப்போன உறவு உறவாய்யா?"

"அப்ப என் ரெண்டாவது பொண்டாட்டி? அவளும் உனக்குச் சின்னம்மா மகதானே?"

இரண்டும் ஒரே ஆள்தான் ஐயா. விவாகரத்து வாங்கி மூன்று வருஷம் கழித்து, வேறு ஆள் கிடைக்காமல், அதே மனுஷனை மறுபடி கட்டிக்கொண்டாள். ஹோபார்ட் அவ்வளவையும் தாளில் எழுதி, இடம் போதாமல் பின்பக்கத்தில் மரம் போட்டுக் கிளையெல்லாம் வரைந்து கொடுத்துவிட்டார். ஐந்து மணி நேரம் போயிற்று.

அடுத்தது, எங்கள் மேட்டுக் கல்லறைத் தோட்டத்தைச் சுத்தம் செய்த ஆறு மணி நேரம். மே மாதம் எல்லாரும் பூ வைக்க வருவதற்கு முன்னால் நாற்பத்தொரு கல்லையும் டார்சி பிரஷ் போட்டுத் தேய்த்தாள். "அங்கே இருப்பவர்களில் உறவில்லாதவர் யாராவது உண்டா?" என்று கேட்டு எழுதியிருந்தீர்கள். உண்டு. 1957 வெள்ளத்தில் அடித்துக்கொண்டு வந்த ஒரு செருப்பு வியாபாரி. பேர் தெரியாததால் கல்லில் "செருப்பு விற்றவர்" என்றே போட்டிருக்கிறது. அவருக்கு ஒரு கால் மணி நேரமாவது போடக் கூடாதா? இன்னொன்றும் இருக்கிறது. என் தாத்தா கெட்டிக்காரர். கல் கொத்துகிறவன் ஊருக்கு வந்தபோது, அவன் திரும்ப வருவானோ மாட்டானோ என்று, உயிரோடு இருந்த எட்டுப் பிள்ளைகளுக்கும் மொத்தமாகப் பேரும் பிறந்த வருஷமும் கொத்தி நட்டுவிட்டார். என் அப்பா தன் கல்லின் மேல் உட்கார்ந்துதான் மத்தியானம் சாப்பிடுவார். ஏழு பேர் அவரவர் கல்லுக்கு வந்து சேர்ந்துவிட்டார்கள். எட்டாவது, என் அத்தை ஆர்டெல்லா. நான் ஆறு வயசுப் பிள்ளையாக இருந்தபோது வடக்கத்திப் பையன் ஒருவனோடு பஸ் ஏறிப் போனவள் திரும்பவில்லை. அந்தப் பையன் பேரை வீட்டில் யாரும் சொல்லக் கூடாது என்று தாத்தா சொல்லிவிட்டதால் எனக்கு அந்தப் பேரே தெரியாது. அத்தையின் கல் மட்டும் பாதி எழுத்தோடு நிற்கிறது, கீழே ஆள் இல்லை. ஆளே இல்லாத கல் எப்படி ஐயா உறவாகும்? அதற்கும் ஒரு கால் மணி நேரம் யோசித்துப் பாருங்கள்.

சரி, உறவுதானே சிக்கல், உறவில்லாத ஆளாகத் தேடுவோம் என்று மேட்டுக்கு அந்தப் பக்கம் டூயி வீட்டுக்கு அனுப்பினேன். நாங்களும் அவர்களும் பெண் கொடுத்ததும் இல்லை, எடுத்ததும் இல்லை, ஒரு பன்றிக்காக நாற்பது வருஷம் பேசினதே இல்லை. உறவில்லை என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்? டார்சி எட்டு மணி நேரம் உருளைக்கிழங்கு தோண்டிக் கொடுத்தாள். கிளம்பும்போது டூயி ஒரு மூட்டைக் கிழங்கைத் தூக்கிக் காரில் வைத்தார். கைம்மாறு வாங்கினால் தொண்டு ஆகாது என்று அவள் விதியைச் சொல்லி இறக்கி வைத்தாள். அந்த ஆளுக்கு முகம் சிவந்துவிட்டது.

"எங்க வாசல்ல வேலை பாத்துட்டு ஒரு புள்ள வெறுங்கையோட போச்சுன்னு நாளைக்கு ஊர் பேசணுமா? யாரு அந்த வாத்தியார், எனக்குப் புத்தி சொல்ல?"

அன்று சாயங்காலமே வண்டியைப் போட்டுக்கொண்டு என் வாசலுக்கு வந்துவிட்டார். தாளில் "கைம்மாறாக ஏதேனும் பெறப்பட்டதா?" என்ற கேள்விக்கு டார்சி எழுதிய பதில் தங்களிடமே இருக்கிறது. "உருளைக்கிழங்கு ஒரு மூட்டை, திருப்பிக் கொடுக்கப்பட்டது. உருளைக்கிழங்கு இரண்டு மூட்டை, பன்றித் தொடை ஒன்று, நாய்க்குட்டி ஒன்று. நாய்க்குட்டி திருப்பிக் கொடுக்கப்பட்டது. நாய்க்குட்டி தானாகத் திரும்பி வந்தது." இப்படி எழுதாவிட்டால் என்னடி என்று கேட்டேன். "நடந்தது அதுதானே பாட்டி" என்கிறாள். இவளுக்கும் ஹோபார்ட் வியாதி. இதை எழுதும்போதும் அந்த நாய் என் காலடியில்தான் படுத்திருக்கிறது. ஆக எட்டும் போச்சு.

இதில் தங்கள் மேல் எனக்கு வருத்தமில்லை. நேரில் வந்து விசாரிக்கத்தான் போன மாதம் அந்த மழையில் கிளம்பி வந்தீர்கள். ஓடையைக் காரில் கடக்கலாம் என்று தங்களுக்கு யார் சொன்னது என்று நான் கேட்கப்போவதில்லை. டார்சி இரண்டு மணி நேரம் மண்வெட்டியால் சேறு அள்ளினாள், ஹோபார்ட் டிராக்டரைக் கொண்டுவந்து இழுத்தார். நடுங்கிக்கொண்டு வந்து என் அடுப்படியில் உட்கார்ந்த தங்களுக்கு, காய்ந்த ஆப்பிள் வைத்து ஏழு அடுக்காக நான் செய்திருந்த கேக்கை வெட்டினேன். "மன்னிக்கணும்மா, சங்கத்துப் பிள்ளைங்க வீட்டுல நான் எதுவும் வாங்கக் கூடாது" என்று தள்ளிவிட்டீர்கள். ஏழு அடுக்கு ஐயா! சரி, சோளரொட்டியும் மோரும் பரிசில் சேராது, அது மருந்து என்று சொல்லி வைத்தேன். தாங்கள் யாரும் சொல்லாமலேயே ரொட்டியை மோர்க் கிளாசுக்குள் பிட்டுப் போட்டு, கரண்டியால் குழைத்துச் சாப்பிட்டீர்கள்.

"மிச்சிகன்காரருக்கு இதை யாரு சொல்லிக் குடுத்தா?" என்றேன்.

"எங்க பாட்டி இருந்த வரைக்கும் இப்படித்தான் சாப்பிடுவாங்க."

புத்தியுள்ள பாட்டி என்று நினைத்துக்கொண்டேன். அப்புறம் தாங்கள் நனைந்த சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, "நான் உறவும் இல்ல, உங்களுக்கு ஒண்ணும் குடுக்கவும் இல்ல, அதனால இந்த ரெண்டு மணி நேரம் செல்லும்" என்று தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டீர்கள். பள்ளி நூலகத்தில் அவள் செய்த நாலோடு சேர்த்து ஆறு ஆனது அப்படித்தான்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ஒரு வாரமாக நான் கணக்காக யோசித்துப் பார்த்துவிட்டேன். எங்கள் மாவட்டத்தில் இருப்பவர்கள் இரண்டே வகை: ஒன்று உறவு, இல்லையென்றால் கிழங்கு மூட்டை. இரண்டிலும் சேராத ஒரே ஆள் தாங்கள்தான். தாங்கள் யாருக்கும் ஒன்றும் கொடுப்பதில்லை. குறையாகச் சொல்லவில்லை, அது தங்கள் ஊர் வளர்ப்பு. ஆகவே மீதிப் பத்தொன்பது மணி நேரத் தொண்டையும் டார்சி தங்களுக்கே செய்ய அனுமதி வேண்டும். தங்கள் வீட்டுக் கூரை ஓரத்தில் மழைத்தண்ணீர் ஓடும் தகரத்தில் இலை அடைத்துக் கிடக்கிறது, நான் தபால் நிலையம் போகும்போது பார்த்தேன். தோட்டமும் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. பட்டமளிப்புக்கு இன்னும் நாலு வாரம் இருக்கிறது, சனிக்கிழமைதோறும் வந்தால் முடிந்துவிடும். வெள்ளிக்கிழமை மற்ற நாலு ஆசிரியர்களிடமும் தாங்கள் இதை எடுத்துச் சொன்னால் மறுக்கமாட்டார்கள், ஏனென்றால் அந்த நாலு பேரும் எனக்கு உறவு என்பதால் எழுந்து வெளியே போய்விட வேண்டும். விதிப் புத்தகம் ஒன்பதாம் பக்கத்தில் இருக்கிறது. தீர்ப்பு சொல்லத் தாங்கள் ஒருவர்தான் மிச்சம்.

ஆண்டவர் தங்களுக்கு நல்ல உடம்பையும், பாலம் கட்டிய பாதைகளையும், சமைக்கத் தெரிந்த ஒரு பெண்ணையும் கொடுக்கட்டும். டார்சி தன் வணக்கத்தைச் சொல்லச் சொன்னாள். ஹோபார்ட் தன் டிராக்டரின் வணக்கத்தைச் சொல்லச் சொன்னார்.

இப்படிக்கு, உறவேதும் இல்லாத,
வெஸ்டா ஸ்பர்லாக்

பி.கு. புதன்கிழமை காலை. தபாலில் போட ஹோபார்ட்டிடம் கடிதத்தைக் கொடுத்தேன். இதுவரை தங்களை வாத்தியார் என்று மட்டுமே அறிந்திருந்த மனுஷன், உறை மேலிருந்த பேரை எழுத்துக் கூட்டி வாசித்துவிட்டு வாசற்படியிலிருந்து திரும்பி வந்தார்.

"லிண்ட்கிரெனா? மதினி, உங்க ஆர்டெல்லா அத்தையைக் கூட்டிட்டு ஓடுன பையன் பேரு லிண்ட்கிரென்தானே?"

"உனக்கு எப்படிய்யா தெரியும்?"

"அந்தப் பேரைச் சொல்லக் கூடாதுன்னு உங்க வீட்டுலதான் சட்டம். எங்க வீட்டுல தினமும் அதான் பேச்சு."

அம்மாவின் பைபிளை எடுத்து உதறினேன். ஒளித்து வைத்த கடிதங்களுக்கு நடுவிலிருந்து ஒரு கிறிஸ்துமஸ் அட்டை விழுந்தது. மிச்சிகன், 1961. படத்தில் ஆர்டெல்லா லிண்ட்கிரென், கையில் ஒரு குழந்தை. குழந்தைக்குக் காது இரண்டும் கதவு திறந்த மாதிரி. உன் காது. அந்தக் குழந்தை உன் அப்பனாகத்தான் இருக்க வேண்டும். அப்படியானால் நீ என் அத்தை பேரன், எனக்குப் பிள்ளை முறை. இனிமேல் தாங்கள் என்று எழுத என் கை வராது. மோரில் ரொட்டியைப் பிட்டுப் போட்டபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டாமா!

நீ போட்ட இரண்டு மணி நேரக் கையெழுத்தும் செல்லாது. ஆறு நாலாகிவிட்டது. மேலே நான் கேட்டதெல்லாம் வீண். வெள்ளிக்கிழமை நீயும் எழுந்து வெளியே போக வேண்டும், அறையில் நாற்காலிகள்தான் உட்கார்ந்திருக்கும். இந்தப் பின்குறிப்பை எழுதாமலே விட்டுவிடலாம் என்று நான் சொன்னேன். டார்சி வாசலை மறித்துக்கொண்டு நின்றாள்.

"எழுதாம அனுப்பினா அந்தக் கயிறு எனக்கு வேணாம் பாட்டி."

"ஆணி அடிச்சு ஏழு மாசம் ஆச்சுடி!"

"ஆணியில வேற ஏதாவது மாட்டிக்க." அப்புறம், "அப்ப கெமிஸ்ட்ரி சாரை நான் சித்தப்பான்னு கூப்பிடணுமா?" என்று கேட்டாள்.

கூப்பிட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை நீ கல்லறைத் தோட்டத்துக்கு வா, உன் பாட்டி கல்லில் மிச்ச வருஷத்தைக் கொத்துவதைப் பற்றிப் பேசலாம். கல்லை உன் மகள் முறைக்காரி பளபளவென்று தேய்த்து வைத்திருக்கிறாள். ஹோபார்ட் கையில் இந்தக் கடிதத்தோடு ஏழு அடுக்கு கேக்கும் வருகிறது. பதினொரு பக்கத்தையும் மறுபடி படித்துவிட்டேன், சொந்தக்காரர் வீட்டில் கேக் வாங்கக் கூடாது என்று ஒரு வரியும் இல்லை.

இன்னொன்று. இந்தப் பின்குறிப்பை அனுப்ப வைக்க டார்சி என்னோடு சண்டை போட்டது சரியாக ஒன்றரை மணி நேரம். கைம்மாறாக ஒன்றும் பெறவில்லை, திட்டுத்தான் வாங்கினாள். நற்குணம் என்ற அந்த நாலாவது மெழுகுவர்த்தியின் கீழ் இதை எழுதிக்கொள்ள முடியுமா என்று அந்த நாற்காலிகளைக் கேட்டுச் சொல். சாட்சிக் கையெழுத்துப் போட உறவில்லாத ஆள் இந்த வீட்டில் ஒருவர்தான் உண்டு. கீழே இருக்கும் மைக்கறை என் கை தவறியது அல்ல, நாயின் வலது முன்னங்கால்.