பன்றி மேட்டில் நிற்கும் உங்கள் ஆப்பிள் மரம் தொடர்பாக

ஓபர்லோஹ்,
14 ஆகஸ்ட் 1978, திங்கள்

பெருமதிப்பிற்குரிய மைத்துனர் வெண்டெலின் அவர்களின் சமூகத்துக்கு,

தங்கள் தங்கை கிரெசென்ஸின் கணவனும், இவ்வூரின் ஓய்வுபெற்ற தபால்காரனுமாகிய பிளாசியுஸ் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் கிரெசென்ஸும் மூன்று மாடுகளும் சுகம். என் இடது முழங்கால் மட்டும் சுகமில்லை, அது தனிக்கதை. அங்கு பிரேமன் நகரில் தாங்களும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். முப்பத்துமூன்று வருஷமாக நமக்குள் கடிதப் போக்குவரத்து இல்லை என்பதையும், கிறிஸ்துமஸுக்குத் தாங்கள் தங்கைக்கு அனுப்பும் அட்டையில் ஒரு கப்பல் படமும் தங்கள் பெயரும் தவிர வேறொன்றும் இருப்பதில்லை என்பதையும் நான் அறிவேன். அட்டைகளை நான்தானே கொண்டுவந்து கொடுத்தேன். படிக்கவில்லை, கண்ணில் பட்டது. செப்புக் கொப்பரை விஷயத்தை இந்தக் கடிதத்தில் எடுப்பதில்லை என்று கிரெசென்ஸிடம் சத்தியம் செய்திருக்கிறேன். ஆகவே அதை எடுக்கவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். அவசரத்தில் எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் மன்னிக்கவும். நம் வீட்டுக்குப் பின்னால், தங்கள் பெயரிலும் கிரெசென்ஸ் பெயரிலும் கூட்டாக இருக்கிற நிலத்தில், நாமெல்லாம் காலங்காலமாகப் பன்றி மேடு என்று சொல்லிவந்தோமே, அது மேடே இல்லை. அது கல்லறை! இரண்டாயிரத்தைந்நூறு வருஷத்துக்கு முந்தைய கெல்ட்டிய இனச் சிற்றரசன் ஒருவனுடைய கல்லறை! மேலே மரக்காட்டுக் குன்றில் அவனுடைய கோட்டையூரின் மதில் அடித்தளத்தையும் வீடுகளின் தூண்குழிகளையும் போன வருஷமே கண்டுபிடித்துவிட்டார்கள். கிரேக்க நாட்டு மதுக்கிண்ணத்தின் ஓடும் ஒன்று அங்கே கிடைத்ததாம். அப்படிக் குடித்தவன் செத்தபின் எங்கே போயிருப்பான் என்று தேடிக்கொண்டு இறங்கி வந்தவர்கள் நேராக நம் கோழிக்கூட்டுக்குப் பின்னால் வந்து நின்றார்கள். ஐயா, நாம் பன்றி மேய்த்த இடத்தில் ஒரு ராஜா படுத்திருக்கிறார்!

தலைமை தாங்குகிறவர் டாக்டர் ஹன்னெலோரே விட்டெ என்கிற அம்மாள். தங்களைப் போலவே வடக்கே கடலோரத்துக்காரர், சிரிப்பதற்கு அரசாங்க அனுமதி தேவை என்று நினைக்கிறவர். நான் முதல் நாளே போய், முப்பத்தெட்டு வருஷம் தபால் கொடுத்தவன், இந்த மண்ணின் ஒவ்வொரு புல்லும் தெரியும் என்று சொல்லி உதவியாளனாகச் சேர்ந்துவிட்டேன். வேலை, வாளியில் மண் தூக்குவது. ராஜாவின் மண் என்பதால் கௌரவம் குறைவில்லை. எங்கள் மேயர் ஃப்ரிடோலின் வேறு தினம் காலையில் வந்து குழிக்கு மேலே நின்று என் கழுத்தை அறுக்கிறார். பக்கத்து ஊரான உண்டர்லோஹில் இருபது வருஷத்துக்கு முன் ஓர் இளவரசன் கிடைத்ததும், அவர்கள் சாராயக்கடைக்குத் 'தங்க இளவரசர் விடுதி' என்று பெயர் வைத்ததும், அன்றுமுதல் நம்மூர்க்காரனைக் கண்டால் மூக்கை உயர்த்துவதும் தாங்கள் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். "பிளாசியுஸ் அண்ணே, அவங்க ஆளு வெறும் இளவரசன். நம்ம ஆளு ராஜாவா இருக்கணும். பார்த்துத் தோண்டுங்க," என்கிறார் மேயர். ராஜாவாக்குவது என் கையிலா இருக்கிறது?

முதல் வாரம் எனக்குக் கொஞ்சம் நேரம் சரியில்லை. செவ்வாய்க்கிழமை ஒரு நீல மணியைக் கண்டெடுத்து, ராணியின் மாலை என்று கூவிக்கொண்டு ஓடினேன். டாக்டர் விட்டெ அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுல நாலு ஓட்டை இருக்குங்க ஐயா," என்றார். கிரெசென்ஸின் பழைய சட்டைப் பொத்தான். வியாழக்கிழமை ஓர் எலும்பு கிடைத்தது, அதற்கு அட்டை எழுதி, எண் போட்டு, பெட்டியில் வைத்து எல்லாம் முடிந்த பிறகு, அது முந்தின நாள் மத்தியானம் நான் தின்றுவிட்டு வைத்த பன்றிக்காலின் முட்டி என்று தெரிந்தது. அந்த அவமானத்தில் பின்னால் நகர்ந்தபோதுதான் குழிக்குள் விழுந்து முழங்கால் போயிற்று. டாக்டர் ஓடிவந்தார். என்னைத் தூக்கத்தான் வருகிறார் என்று கையை நீட்டினேன். அவர் என்னைத் தாண்டிப் போய்க் குழியின் பக்கச்சுவர் சரிந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு, "வாளியைத் தூக்குங்க, வாயை மூடுங்க, பின்னாடி நடக்காதீங்க. இந்த மூணும் போதும்," என்றார். நல்ல அம்மாள்தான்.

அடுத்து நடந்ததைக் கேளுங்கள். சனிக்கிழமை. அந்த வாரம் தெரு பெருக்கும் முறை நம் வீட்டுக்கு, முறைப்பலகை நம் வாசலில் தொங்கியது. தங்கள் தங்கையைத் தாங்கள் அறிவீர்கள். தெருவைப் பெருக்கினாள், முற்றத்தைப் பெருக்கினாள், கோழிக்கூட்டைப் பெருக்கினாள், நிமிர்ந்து பார்த்தால் பின்னால் ஊரே பார்க்கும்படி அவ்வளவு பெரிய குழி, அடியெல்லாம் மண்கட்டி, நடுநடுவே குச்சி, நூல், கலர்கலராகக் குட்டிக் கொடிகள். தோண்டுகிறவர்கள் வீட்டுக்குப் போய்விட்டார்கள். விளக்குமாறோடு இறங்கிவிட்டாள்! கொடிகளை எல்லாம் பிடுங்கி, சிவப்பு தனி, மஞ்சள் தனி என்று கட்டி வைத்து, நூலைப் பந்தாகச் சுற்றி, நூறு சதுர மீட்டர் ஆராய்ச்சியை அடுப்படி மாதிரிப் பளிச்சென்று ஆக்கிவிட்டாள். திங்கட்கிழமை காலை டாக்டர் விட்டெ வந்து பார்த்தார். முகம் சுண்ணாம்பாகிவிட்டது. "யாரு? யாரு பண்ணது இதை?" கிரெசென்ஸ் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "நான்தான். ராஜா வீடுன்னு சொல்லிக்கிறீங்க, வாசல் இந்த லட்சணத்துல கிடக்குது. அவரு எழுந்து வந்தா என்ன நினைப்பாரு?" என்றாள். டாக்டர் ஏணியில் ஏறினார், மேலிருந்து பார்த்தார், அப்படியே நின்றுவிட்டார். உதிரிமண்ணெல்லாம் போன தரையில், கோடு போட்டதுபோல, நாலுக்கு நாலு மீட்டரில் ஒரு கறுப்புச் சதுரம்! மக்கிப்போன மரத்தின் கறை! ராஜாவின் மர அறை அதுதான்! எங்கள் சுரண்டியில் மூன்று வாரம் அகப்படாதது தங்கள் தங்கையின் விளக்குமாற்றில் அகப்பட்டது. டாக்டர் அதற்காகச் சிரித்துவிடவில்லை, "இனிமே சொல்லிட்டுப் பெருக்குங்க," என்று மட்டும் சொன்னார்.

இது போன வாரம். இன்று காலை இதைவிடப் பெரிய சேதி. உலோகம் இருக்கும் இடத்தில் கூவுகிற கருவி ஒன்றைத் தலைநகரிலிருந்து கொண்டுவந்தார்கள். சதுரத்தின் மூன்று மூலையில் அது பேசவில்லை. நாலாவது மூலையில் குட்டி போட்ட பூனை மாதிரிக் கத்தியது பாருங்கள்! ஓர் ஆள் குந்தி உட்காருமளவுக்குப் பெரிய உலோகமாம். டாக்டரே கருவியைக் கீழே வைத்துவிட்டு, "கொப்பரையா இருக்கலாம். தேன்மது ஊத்தி வைக்கிற வெண்கலக் கொப்பரை. பெரிய ஆளுங்க கல்லறையிலதான் வைப்பாங்க," என்றார். மேயர் கீழே உட்கார்ந்துவிட்டார். கொப்பரை கிடைத்தால் அவன் ராஜாதான், உண்டர்லோஹ் தீர்ந்தது!

சிக்கல் இதுதான், அந்த நாலாவது மூலையின்மேல் ஓர் ஆப்பிள் மரம் நிற்கிறது. தாங்கள் பிறந்த அன்று தங்கள் தந்தையும் என் மாமனாருமாகிய சாவெர் நட்ட மரம். தங்கள் மரம். வெட்டினால்தான் தோண்ட முடியும், வெட்ட வேண்டுமானால் கூட்டு நிலம் ஆகையால் தங்கள் கையெழுத்து வேண்டும். அதற்கான படிவம் இத்துடன் இணைத்திருக்கிறேன். கையெழுத்து இடவேண்டிய இடத்தில் பென்சிலால் பெருக்கல் குறி போட்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமைக்குள் வராவிட்டால் டாக்டர் கூட்டத்தை மூட்டைகட்டிக்கொண்டு வேறு குழிக்குப் போய்விடுவார். அரசாங்கம் கொடுத்த நாள் அவ்வளவுதான்.

தாங்கள் மறுக்கமாட்டீர்கள் என்றே நினைக்கிறேன். ஒரு கொப்பரை இந்தக் குடும்பத்தை விட்டுப் போனதற்கு ஈடாக இன்னொரு கொப்பரை வரட்டுமே. கொப்பரை விஷயத்தை எடுக்கவில்லை என்றேன், எடுக்கவில்லை. 1945 ஏப்ரலில் பிரெஞ்சுச் சிப்பாய்கள் வருகிறார்கள் என்று நாங்களெல்லாம் கோயில் நிலவறையில் இரண்டு நாள் பதுங்கியிருந்தோம், மாமனார் மட்டும் மாடுகளை விட்டு வரமாட்டேன் என்று வீட்டிலேயே இருந்தார், திரும்பி வந்து பார்த்தால் அவர் முழங்கால் வரை சேறோடு சமையலறை நாற்காலியில் பக்கவாதம் வந்து வாய்பேச முடியாமல் கிடக்கிறார், தலைமுறை தலைமுறையாகச் சாராயம் காய்ச்சிய செப்புக் கொப்பரை காணோம், எங்களுக்கு முன்னாலேயே ராணுவ ஆஸ்பத்திரியிலிருந்து வந்து சேர்ந்த தாங்கள் ஜன்னலருகே நிற்கிறீர்கள். கிரெசென்ஸ் முதல் காரியமாகத் தரையிலிருந்த சேற்றைக் கழுவினாள். கொப்பரை எங்கே என்று கேட்டதும் மாமனார் விரலை நீட்டினார். தங்களை நோக்கி நீட்டினார். இரண்டு வருஷம் கழித்து இறக்கும்வரை, எப்போது கேட்டாலும், அதே ஜன்னலைத்தான் காட்டினார். "பாருங்க, வெண்டெலினைக் காட்டுறாரு!" என்று முதலில் கவனித்துச் சொன்னவன் நான். தபால்காரன் கண் தப்பாது. டவுனில் சிகரெட்டுக்கு விற்றிருப்பீர்கள் என்று ஊர் பேசியது. தாங்கள் ஒரு வார்த்தை மறுத்துச் சொன்னீர்கள், நாங்கள் நம்பவில்லை, தாங்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனீர்கள். போகட்டும். நான் பெருந்தன்மைக்காரன். மன்னித்துவிட்டேன். கையெழுத்து மட்டும் போட்டு அனுப்பவும்.

ஆண்டவரும் நம் ஊர்க் காவலர் புனித வெண்டெலினும் தங்களுக்கு நீண்ட ஆயுளும், அந்த ஊர் ஈரக்காற்றைத் தாங்கும் நெஞ்சும் அருள்வார்களாக. மூன்று மாடுகளின் சார்பிலும் விசாரிப்பு.

தங்கள் கீழ்ப்படிந்த,
பிளாசியுஸ்

பின்குறிப்பு. புதன்கிழமை. கிரெசென்ஸ் தன் பங்குக்கு இரண்டு வரி எழுதுகிறேன் என்றதால் உறையை ஒட்டாமல் வைத்திருந்தேன். நல்லவேளை.

மச்சான், மரத்தை வெட்ட வேண்டாம். கையெழுத்துப் போடாதீர்கள். நேற்று டாக்டர், "வேரைத் தொடாம பக்கத்துல ஒரு குழி போட்டுப் பார்ப்போம்," என்று இறங்கினார். மத்தியானம் பச்சைக் களிம்பு பிடித்த ஒரு விளிம்பு தெரிந்தது. நான் போட்ட கூச்சலில் மேயர் ஊர் பேண்டு வாத்தியத்தில் மூன்று பேரைக் கூட்டிவந்து ஊதவே வைத்துவிட்டார். டாக்டர் தூரிகையால் தட்டித் தட்டி, திடீரென்று நிறுத்தினார். "ஐயா, ரெண்டாயிரத்தைந்நூறு வருஷத்துக்கு முன்னாடி உங்க ஊர்ல சுங்க ஆபீஸ் இருந்துச்சா?" என்று கேட்டார். சாராயக் கொப்பரைகளுக்குச் சுங்க ஆபீஸ் போடுகிற ஈய முத்திரை மூடியில் தொங்கியது. வாத்தியம் பாதியில் நின்றது. கிரெசென்ஸ் குழிக்குள் இறங்கி இடுப்பில் கட்டியிருந்த சமையல் துணியால் துடைத்தாள். பக்கத்தில் ஒரு நசுங்கல். நீங்கள் ஏழு வயதில் அதற்குள் உட்கார்ந்து பனியில் சறுக்கி விழுந்தீர்களாமே, அந்த நசுங்கல். ஒரு மண்கட்டியைச் சகிக்காதவள் அந்தச் சேற்றிலேயே உட்கார்ந்து அழுதாள். டாக்டர் வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

சாயங்காலம் அவள் என்னை மாமனாரின் நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு ஜன்னலருகே போய் நின்றாள். "இந்தாய்யா, இப்ப கையை நீட்டு," என்றாள். நீட்டினேன். "என்னைப் பார்க்காத. என் தோளுக்கு மேல பாரு." பார்த்தேன். நேராக மேடு, மேட்டின்மேல் உங்கள் மரம். இரண்டு வருஷம் அந்த மனுஷன் இடத்தைச் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறார், மச்சான். நடுவில் நீங்கள் நின்றீர்கள், அவ்வளவுதான். அதைத் தப்பாகப் படித்தவன் நான். முப்பத்தெட்டு வருஷம் ஒரு கடிதத்தைக்கூட வேறு வீட்டில் கொடுத்ததில்லை என்று பீற்றிக்கொண்டவன். என்னை மன்னியுங்கள். மேலே நான் உங்களை மன்னித்ததாக எழுதியிருப்பதை அடித்துவிடவும்.

கொப்பரைக்குள் மாமனார் தன் மழைக்கோட்டில் சுற்றி இரண்டு புட்டி பிளம் சாராயம் வைத்திருக்கிறார். புட்டிகளின் மூடி திறக்கவே இல்லை. மேயர் கையை நீட்டினார், கிரெசென்ஸ் தட்டிவிட்டு, "எங்கண்ணன் வராம யாரும் தொடக்கூடாது," என்றாள். அவள் எழுதுவதாகச் சொன்ன இரண்டு வரி அதுதான் என்று வைத்துக்கொள்ளுங்கள். வேறு எழுதவரவில்லை, பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். ராஜா இன்னும் ஒரு முழத்துக்குக் கீழே இருக்கலாம் என்று டாக்டர் சொல்கிறார். இருக்கட்டும். அவர் இரண்டாயிரத்தைந்நூறு வருஷம் பொறுத்தவர், இன்னும் பொறுப்பார். உங்களுக்கு அறுபத்திரண்டு, எனக்கு அறுபத்தைந்து, முழங்காலும் போய்விட்டது. எந்த ரயில் என்று மட்டும் எழுதுங்கள். நான் ஸ்டேஷனுக்கு வருகிறேன்.