ஆணி அடிக்கக் கூடாத விருந்தாளி

ஜனவரி மாதப் பொதுக்குழுவில் கிரஹாம் ஓல்ட்ராய்ட் எழுந்து நின்று மேஜையை ஓங்கித் தட்டினார். தட்டிய வேகத்தில் பீர் முழுவதும் அவர் மடியிலேயே கொட்டியது. ஆனாலும் தீர்மானம் நனையவில்லை.

"இந்த வருஷம் வெளிநாட்டு ஆட்டக்காரர் ஒருத்தரைக் கொண்டு வர்றோம்!"

இங்கிலாந்துக் கிராமமான ஸ்கார்த்வெல்லின் கிரிக்கெட் கிளப் பொதுக்குழு என்றால் மொத்தம் எட்டுப் பேர். அதில் இருவர் அறுவை செய்து முழங்காலை மாற்றிக்கொண்டவர்கள். இன்னொருவருக்கு அதற்கு நாள் குறித்திருந்தது. போன வருஷம் ஐந்து ஆட்டங்களை ஒன்பது பேரோடுதான் ஆடினார்கள். இந்த முறையும் கடைசி இடம் என்றால் வெளியே போகலாம் என்று லீக் சொல்லிவிட்டது. இதற்குக் கீழே டிவிஷன் கிடையாது, செம்மறியாட்டு மந்தைதான். நூற்றுப் பத்து வருஷத்துக் கிளப், தான் செயலாளராக இருக்கும்போதா இழுத்து மூட வேண்டும் என்ற கவலையில் கிரஹாம் டிசம்பர் முழுக்கத் தூங்கவில்லை. தூங்கவில்லை என்பது அவர் சொன்னது. பக்கத்தில் படுத்துக் குறட்டையைக் கேட்ட மனைவி பிரெண்டாவின் அபிப்பிராயம் வேறு.

ஆள் தயாராகவே இருந்தார். பெயர் ஃபராய். ஜிம்பாப்வேயில் வங்கி குமாஸ்தா, முப்பது வயது, சுழல்பந்து வீச்சாளர். ஐந்து மாத விடுப்பில் இங்கிலாந்தைப் பார்க்க வேண்டும், ஆசை தீர கிரிக்கெட் ஆட வேண்டும், அவ்வளவுதான். சம்பளம் வேண்டாம். தங்க ஓர் இடம் போதும்.

"எங்க தங்குவார்?" என்று யாரோ கேட்டதும், எட்டுப் பேரும் தலையைக் குனிந்து அவரவர் கிளாஸுக்குள் எதையோ தேட ஆரம்பித்தார்கள்.

கிரஹாம் வீட்டு மாடியில் ஓர் அறை காலி. காலி என்பது கிரஹாமின் கணக்கு. மகள் கல்யாணமாகிப் போனதிலிருந்து அதில் பிரெண்டாவின் தையல் மிஷினும் இருபத்தெட்டு மூட்டைத் துணியும் குடியிருந்தன. நேராகக் கேட்டால் நடக்காது என்பது முப்பத்தொரு வருஷத் தாம்பத்தியம் கற்றுக்கொடுத்த பாடம். அதனால் சுற்றி வளைத்தார்.

"கண்ணு, பின்பக்க வேலியைப் பத்திச் சொல்லிட்டே இருந்தியே..."

"பதினோரு வருஷமாச் சொல்லிட்டிருக்கேன்."

"அதுக்கு ஒரு ஆள் வரப்போறார்."

"எங்கேர்ந்து?"

"ஜிம்பாப்வேலேர்ந்து."

பிரெண்டா பின்னல் ஊசியைக் கீழே வைத்தார். "வேலி போடவா? அவ்ளோ தூரத்துலேர்ந்தா? பக்கத்து டவுன் பார்ன்ஸ்லில ஆளே இல்லையா?"

"சனிக்கிழமை நமக்காக ஆடுவார். மத்த ஆறு நாள் சும்மாதானே இருக்கணும்? தங்க இடம் குடுத்தா வேலி, ஓடு, பெயின்ட் எல்லாம் செஞ்சு தள்ளிடுவார். நல்ல வாட்டசாட்டமான ஆளு. போட்டோ பார்த்தேன்."

"போட்டோல ஆணி அடிச்சுட்டிருந்தாரா?"

"தோளைப் பார்த்தாலே தெரியுது பிரெண்டா!"

"அப்ப எழுதிக் குடு."

எழுதிக் கொடுத்தார். கிளப் முகவரி அச்சிட்ட தாளில், முத்திரை குத்தி. பின்வேலி, குளியலறை ஓடு, சமையலறைப் பெயின்ட், கோழிக்கூடு, கூரைத் தண்ணீர்க் குழாய் எல்லாம் ஆகஸ்ட் முடிவதற்குள் செய்து தரப்படும். பிரெண்டா கேட்காத தோட்டக் கொட்டகைக் கூரையையும் கிரஹாமே சேர்த்தார். ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்று அவருக்கு ஒரே தாராளம். கீழே ‘கி. ஓல்ட்ராய்ட், செயலாளர்’ என்று கையெழுத்தும் போட்டார்.

அடுத்தது விசாவுக்கான அழைப்புக் கடிதம். கிரஹாம் இரண்டு விரலால் தட்டினால் சீசனே முடிந்துவிடும். அதனால் அவர் சொல்ல, பிரெண்டா தட்டினார்.

"செவ்வாய்க்கிழமை பிட்ச்ல ரோலர் இழுப்பார். வெள்ளிக்கிழமை பிள்ளைங்களுக்குப் பயிற்சி. பாக்கி நாள் எங்க வீட்டு வேலி. போடு போடு, எல்லாத்தையும் போடு."

"இதெல்லாம் எதுக்கு?"

"ஆளு எவ்ளோ பிரயோஜனம்னு தெரிஞ்சா விசா ஆபீஸ்ல சந்தோஷப்படுவாங்க இல்ல?"

பிரெண்டா அவரையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு வெகுநேரம் தட்டினார். தொலைக்காட்சிக் கால்பந்தில் அந்த நேரம் பெனால்டி. கிரஹாம் திரையைவிட்டுக் கண்ணை எடுக்காமலே கையெழுத்துப் போட்டார்.

விசா வந்தது. ஏப்ரலில் ஃபராயும் வந்தார். உயரம், பணிவு, எதற்கெடுத்தாலும் நன்றி. தங்கள் ஊர் மரியாதைப்படி பிரெண்டாவை ‘அம்மா’ என்றார். மறுநாள் காலை, தூக்கம் கலைந்து இறங்கி வந்தவர் கையில் கிரஹாம் ஒரு சுத்தியலைத் திணித்தார்.

"கீழ வைங்க!" சமையலறையிலிருந்து வந்த குரலில் பூனைகூடத் தின்பதை நிறுத்தியது.

பிரெண்டா ஒரு தாளோடு வந்தார். அதன் நடுவே வட்டமாக டீக் கறை.

"இது லீக் ஜனவரியில அனுப்பினது. மூணு வாரம் உன் கப்புக்கு அடியில கிடந்துது. படிச்சியா?"

"மேலோட்டமா..."

"கப்பு படிச்ச அளவுகூட நீ படிக்கல. சம்பளத்துக்கு ஆள் எடுக்கணும்னா கிளப்புக்கு ஸ்பான்சர் உரிமம் வேணும். அது நம்மகிட்ட இல்ல. நம்ம மாதிரி கிளப்புக்கு விருந்தாளியா வரலாம், ஆசைக்கு ஆடலாம், சாப்பிடலாம், தூங்கலாம். சோறு போட்டு இடம் குடுத்துட்டு அதுக்கு வேலை வாங்கினா, அதுவும் கூலிதான். ரோலர் தொடக் கூடாது. பயிற்சி கூடாது. ஒரு ஆணி அடிச்சா இவருக்கு விசா போச்சு, நமக்குப் பாயின்ட் போச்சு."

"அப்ப நான் சொன்ன கடிதம்?"

"அதை அனுப்பியிருந்தா விசா ஆபீஸ்ல நெஜமாவே சந்தோஷப்பட்டிருப்பாங்க, கையும் களவுமாப் பிடிச்சுட்டோம்னு. நான் வேற எழுதினேன். ஆடறது மட்டும்னு."

கிரஹாம் அவசரமாகச் சுத்தியலை எடுத்துத் தன் முதுகுக்குப் பின்னால் மறைத்தார். பிறகுதான் இன்னொன்று உறைத்தது.

"அப்ப வேலி?"

"வேலிக்கு என்ன? அதான் எழுதிக் குடுத்திருக்கியே."

"அது ஃபராய் செய்வார்னு..."

"எங்க, காட்டு. ஃபராய் பேர் எங்க இருக்கு? எனக்கு ஒரே ஒரு பேர்தான் தெரியுது."

அந்தக் கோடை முழுவதும் ஸ்கார்த்வெல் ஓர் அதிசயத்தைப் பார்த்தது. கிரஹாம் வேலை செய்தார். கட்டைவிரல் நீலமானது, ஆள்காட்டி விரல் பச்சையானது. பெயின்ட் சுவரைவிட அவர்மேல்தான் சீராகப் பரவியிருந்தது. பக்கத்தில் சாய்வு நாற்காலியில் ஃபராய் முள்மேல் உட்கார்ந்ததுபோல் நெளிந்தார்.

"ஐயா, அந்தப் பலகையோட ஒரு முனையையாவது பிடிச்சுக்கறேனே..."

"ஃபராய்! கையை எடுங்க! டீ ஆறுது பாருங்க!"

"இல்லம்மா, ஐயாவைப் பார்க்கவே பாவமா..."

"பார்க்காதீங்க. அந்தப் பக்கம் திரும்பி உக்காருங்க."

ஆனால் சனிக்கிழமையானால் நிலைமை வேறு. முதல் ஆட்டத்திலேயே ஃபராய் ஆறு விக்கெட். அவர் பந்து எந்தப் பக்கம் திரும்பும் என்று எதிரணிக்கும் தெரியவில்லை, கிரஹாமுக்கும் தெரியவில்லை. வேடிக்கை பார்க்க ஊர் கூடியது. வேடிக்கை பார்க்க வந்தவர்களில் மூன்று பேர், ஆட ஆள் வேண்டுமா என்று கேட்டார்கள். மூன்று பேருக்கும் சொந்த முழங்கால்.

ஜூலையில் ஒரு புதன்கிழமை லீக் அதிகாரி பிக்கர்ஸ்கில் சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றார். வெளிநாட்டுக்காரரைக் கிரஹாம் அடிமைபோல் வேலை வாங்குகிறார் என்று பக்கத்து ஊர்க் கிளப் புகார் கொடுத்திருந்தது. வந்தவர் கண்டது என்ன? கோழிக்கூட்டின் மேல் வாயில் நாலு ஆணியோடு கிரஹாம். கீழே நிழலில் ஜாம் தடவிய ஸ்கோன் ரொட்டியோடு ஃபராய்.

"மிஸ்டர் ஓல்ட்ராய்ட், இவர் இங்க ஏதாவது வேலை செய்யறாரா?"

வாயில் ஆணி. கிரஹாமால் "ம்ம்ம்" என்றுதான் சொல்ல முடிந்தது. அது ஆமாவா இல்லையா என்று குறித்துக்கொள்ள பிக்கர்ஸ்கில் பேனாவைத் திறப்பதற்குள் புதிய வேலிக்கு மேல் அடுத்த வீட்டு ஹில்டாவின் தலை முளைத்தது.

"அவரா? ஒரு துரும்பைக் கிள்ளிப் போட்டதில்லைங்க! ஏப்ரல்லேர்ந்து நான் பார்த்துட்டுத்தானே இருக்கேன். பாவம், கிரஹாம்தான் மாடா உழைக்கறாரு. கல்யாணம் ஆனதுலேர்ந்து இப்பத்தான் அவருக்கு இவ்ளோ நல்ல புத்தி!"

பிக்கர்ஸ்கில் கிரஹாமின் பெயின்ட் கையைப் பிடித்துக் குலுக்கினார். "விதியை இவ்வளவு சுத்தமாக் கடைப்பிடிக்கற செயலாளரை நான் பார்த்ததே இல்ல." போகிற வழியில் புகார் கொடுத்த கிளப்பையும் எட்டிப் பார்த்தார். அங்கே அவர்களுடைய வெளிநாட்டுக்காரர் ரோலரை இழுத்துக்கொண்டிருந்தார். பன்னிரண்டு பாயின்ட் வெட்டு.

அன்று சாயங்காலம் கிரஹாம் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த மனைவியின் பின்னால் போய் நின்றார்.

"பிரெண்டா, நீ அந்தத் தாளைப் படிக்கலேன்னா கிளப்பே இன்னிக்கு இல்ல. அந்த நல்ல மனுஷனையும் நான் அவமானப்படுத்தி ஊருக்கு அனுப்பியிருப்பேன். உனக்கு நான் ரொம்ப நன்றிக்கடன் பட்டிருக்கேன். மனசாரச் சொல்றேன்."

பிரெண்டா ஈரக் கையாலேயே அவர் கன்னத்தைத் தட்டினார். "சரி சரி. குளியலறையில மூணாவது வரிசை ஓடு கோணலா இருக்கு."

கடைசி ஆட்டத்தில் ஜெயித்து, கடைசிக்கு முந்தைய இடத்தில் ஸ்கார்த்வெல் தப்பித்தது. நூற்றுப் பதினொன்றாவது வருஷம் உறுதி. கிரஹாம் மைதானத்தில் எல்லார் முன்னாலும் அழுதார், வெட்கப்படவில்லை.

செப்டம்பரில் விமான நிலையத்துக்குக் கிளம்பும்போது, பிரெண்டா காரில் காத்திருக்க, கிரஹாம் வாசலில் ஃபராயைக் கட்டிக்கொண்டார்.

"எங்க ஊரையே காப்பாத்திட்டீங்க. ஒரே ஒரு குறைதான். சட்டம் மட்டும் விட்டிருந்தா அந்த வேலியை நீங்க ஒரே வாரத்துல முடிச்சிருப்பீங்க, இல்ல?"

ஃபராய் கூச்சத்தோடு சிரித்தார். "நானா? எனக்குச் சுத்தியல் எந்தப் பக்கம் பிடிக்கணும்னுகூடத் தெரியாது ஐயா. பிப்ரவரியில அம்மா போன்ல, என்ன சாப்பிடுவீங்க, ஆணி அடிக்கத் தெரியுமான்னு கேட்டப்பவே அதைச் சொல்லிட்டேன்."

"அதுக்கு அவ என்ன சொன்னா?"

"‘அதனால என்ன, நீங்க வாங்க. வீட்ல ஒரு ஆள் இருக்கார், முப்பத்தொரு வருஷமாச் சும்மாதான் இருக்கார்’னாங்க."