நல்ல இடம் பார்த்துத் தட்டுகிறவர்

உலகத்துப் படகுத்துறைகளையெல்லாம் சுற்றி, இந்த இனத்தில் பத்தாயிரம் பேரை நேரில் பார்த்துவிட்டு இதை எழுதுகிறேன். சரி, கொஞ்சம் கூடிப்போயிற்று, பார்த்தது ஒருவரைத்தான். ஆனால் அவர் ஒருவரே பத்தாயிரத்துக்குச் சமம்.

இனத்தின் பெயர்: நல்ல இடம் பார்த்துத் தட்டுகிறவர்.

அவரிடம் முப்பது வயதான ஃபைபர் படகு ஒன்று உண்டு. எஞ்சினைத் தாங்கும் அதன் பின்பலகை வெளியே ஃபைபர், உள்ளே பிளைவுட். தண்ணீர் இறங்கி மரம் மக்கினால் வெளியே தெரியாது, தட்டினால்தான் தெரியும். நல்ல மரம் 'டக்' என்னும். மக்கினது 'பொத்' என்னும். நம்மவரும் தட்டுவார், யார் இல்லை என்றது? படகைப் பார்க்க வருகிற ஒவ்வொருவர் எதிரிலும், தலையைச் சாய்த்து, கண்ணை மூடி, வாத்தியத்துக்குச் சுருதி சேர்க்கிறவர் போலச் சுத்தியல் பிடியால் தட்டி, "கேட்டீங்களா? இரும்பு!" என்பார். தட்டுகிற இடம் மட்டும் மாறாது. வலது மூலையில் உள்ளங்கை அகலம். மறந்துவிடக் கூடாதே என்று பென்சிலால் சின்ன வட்டம்கூடப் போட்டிருந்தார்.

மற்ற இடங்களில்? பட்டி பூசி, தேய்த்து, மூன்று கை வெள்ளைப் பெயிண்ட். விரிசல் மறைந்தது. தண்ணீர் உள்ளேயே சௌகரியமாகக் குடியிருந்தது.

எஞ்சின் கேட்டு மைத்துனரிடம் இரண்டு வருஷம் கெஞ்சியதன் பலனாக, ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் தன் புத்தம்புது எஞ்சினை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார்.

"மாப்ளே, நம்பி மாட்டலாமா? இது தண்ணிக்குள்ள போச்சுன்னா நானும் பின்னாடியே குதிச்சிடுவேன்."

"என்ன மச்சான், இப்படிக் கேட்டுட்டீங்க!" டக். "இரும்பு!"

பக்கத்தில் நின்ற நம்மவர் மனைவி பல் டாக்டர். 'வலியே இல்ல டாக்டர்' என்கிற வாய்களை இருபது வருஷமாகத் திறந்து பார்த்தவர். சுத்தியலை வாங்கி, வட்டத்துக்கு ஒரு சாண் இந்தப் பக்கம் தட்டினார்.

பொத்.

நம்மவர் சுத்தியலைத் திருப்பி வாங்கக் கையை நீட்டினார். "அது... பெயிண்ட் இன்னும் காயல."

"சொத்தையைச் சுரண்டாம மேல அடைச்சு வச்சிருக்கீங்க. கொஞ்சம் நகருங்க."

டிரில்லால் ஒரே ஒரு துளை. கரும்பழுப்பில் கொட்டியது பாருங்கள், மூன்று வாளித் தண்ணீர்! மைத்துனர் எஞ்சினைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வண்டியை விட்டு இறங்கவே இல்லை.

மக்கின மரத்தை உளியால் வழித்தெடுத்து, காயவிட்டு, புதுப் பலகை ஒட்டி முடிக்க ஆறு வாரம். நம்மவர் வாயைத் திறக்காமல் இருந்த ஆறு வாரமும் அதுதான். பிறகு மைத்துனரே வந்து முப்பது இடத்தில் தட்டிக் கேட்டுவிட்டுத்தான் எஞ்சினை மாட்டினார்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். வீட்டுக்கு யாராவது வந்தால் எந்த அறைக் கதவை மட்டும் அகலத் திறந்து வைக்கிறீர்கள்? 'உடம்பு எப்படி?' என்றால் எந்தக் கையை நீட்டிக் காட்டுகிறீர்கள்? பையில் பென்சில் இருக்கிறதா என்று ஒருதரம் தடவிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இதுவரை எழுதியதை நான் வாசித்துக் காட்டியதும், எதிரே உட்கார்ந்திருந்த பல் டாக்டர் குறுக்கிட்டார்:

"மூணு வாளியா? ஒரு டம்ளர்கூடத் தேறாது. அதை விடுங்க. அந்தப் படகை நாங்க வாங்கப் போனப்ப, கூட வந்து தட்டிப் பார்த்து 'இரும்பு'ன்னு சொன்னது நீங்கதானே? அதை ஏன் எழுதல?"