காயின் சுவிசேஷகர் கேட்ட ஏலம்

தில்லியில் எந்தத் தமிழ்ச் சபைக்கு வேண்டுமானாலும் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பாருங்கள். ஆராதனை முடிந்து, ஆசீர்வாதம் கூறி, ஜனங்கள் ஒரு கையில் டீக் கோப்பையும் மறு கையில் சமோசாவுமாக வாசலில் நின்று ஊர்க்கதை பேசும் அந்த இருபது நிமிடத்தில், ஒருவர் வந்து உங்கள் முழங்கையைப் பிடித்து, ஸ்கூட்டர் நிறுத்தும் மூலைப் பக்கம் தள்ளிக்கொண்டு போவார். பிடித்த இடத்தை வைத்தே ஆளை அடையாளம் கண்டுகொள்ளலாம். இன்ஷூரன்ஸ் ஏஜெண்ட் தோளைத் தொடுவார். பெண்ணுக்கு மாப்பிள்ளை தேடுகிறவர் கையைக் குலுக்கிவிட்டு, விடாமல் வைத்துக்கொள்வார். முழங்கையைப் பிடிக்கிறவர் காயின் சுவிசேஷகர்.

"பிரதர், ஒங்க பேர்ல எனக்கு ஒரு பாரம் இருக்கு" என்று ஆரம்பிப்பார். உங்கள் ஆத்துமாவைப் பற்றி ஏதோ கேள்விப்பட்டுவிட்டார் போலிருக்கிறது என்று உங்களுக்குச் சமோசா தொண்டையில் நிற்கும். அவர் அடுத்துக் கேட்பதோ, உங்கள் பி.எஃப். பணம் எங்கே கிடக்கிறது என்று.

இவருடைய காயின் பிட்காயின் ஜாதி. அதை நீங்கள் கண்ணால் பார்க்க முடியாது, கையால் தொட முடியாது, எந்த அரசாங்கமும் அதை அச்சடிக்கவில்லை, எந்த வங்கியும் அதற்குப் பொறுப்பில்லை. பிறகு எதை நம்பிப் போடுவது என்று கேட்டுப் பாருங்கள். காணாததை நம்புவதுதானே விசுவாசம் என்று சொல்லிவிட்டு, உங்களைக் கொஞ்சம் பரிதாபமாகப் பார்ப்பார். காயின் கணக்கெல்லாம் உலகம் முழுக்க ஆயிரக்கணக்கான கம்ப்யூட்டர்களில் ஒரே சமயத்தில் பதிவாகிறதாம், ஒருமுறை பதிந்ததை ஒருவராலும் திருத்த முடியாதாம், ஆகவே இரட்சிக்கப்பட்டவர்கள் பெயரெல்லாம் எழுதிப் பரலோகத்தில் இருக்கிற ஜீவபுஸ்தகத்துக்குப் பூமியில் இருக்கிற நகல் இதுதானாம். விலை ஏறினால் அது ஆசீர்வாதம். இறங்கினால் சோதனைக் காலம். பயந்து விற்றவர் விசுவாசத்தை விட்டு வழுவிய பின்மாற்றக்காரர். இன்னும் வாங்காதவர், மணவாளன் வரும் நேரத்தில் விளக்கில் எண்ணெய் இல்லாமல் தூங்கிப்போன புத்தியில்லாத கன்னிகை. சபையார் கண்ணை மூடி ஜெபிக்கும்போது இவரும் தலை குனிந்திருப்பார், ஆனால் கீர்த்தனைப் புத்தகத்துக்குள்ளே செல்போன் திறந்திருக்கும். 'ஆமென்' மட்டும் சரியான இடத்தில் விழுந்துவிடும். அது பழக்கம்.

மயூர் விஹார் சபையில் இந்த இனத்தின் அசல் மாதிரியாக விளங்கியவர் டேவிட்சன். வயது நாற்பத்து மூன்று, பூர்வீகம் தென் தமிழ்நாட்டு நாசரேத்துப் பக்கம், நொய்டாவில் கம்ப்யூட்டர் கம்பெனி வேலை, சொசைட்டி ஃபிளாட்டில் மூன்றாவது மாடி. இரண்டு வருஷ ஊழியத்தில் முழங்கை முழங்கையாகப் பிடித்து அவர் சம்பாதித்த ஆத்துமா ஒன்றே ஒன்று: வங்கியில் வேலை பார்க்கும் மைக்கேல் என்ற இளைஞன். டேவிட்சன் சொன்னதையெல்லாம் அவன் குறிப்பெடுத்துக்கொள்வான். முதல் பாடமே, தெரிந்தவன் வாங்கும்போது காரணம் கேட்டு நின்றால் வண்டி போய்விடும், நீயும் வாங்கு என்பதுதான்.

வீட்டில் மட்டும் அவருடைய ஊழியம் எடுபடவில்லை. மனைவி லிடியா பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் நர்ஸ். பதினெட்டு வருஷமாக நைட் டூட்டி பார்த்து முழங்கால் இரண்டும் தேய்ந்தவள். சம்பளத்தில் மாதாமாதம் கிள்ளிக் கிள்ளி ஒன்பது லட்சம் ஃபிக்ஸட் டெபாசிட்டில் போட்டு வைத்திருந்தாள். அந்தப் பணம் கையில் இருக்கிற தைரியத்தில் கிறிஸ்மஸோடு வேலையை விட்டுவிட வேண்டும், ஒரு வருஷமாவது மனிதர்களைப்போல ராத்திரியில் தூங்க வேண்டும் என்பது அவள் திட்டம். அவளுக்கு வேறு ஆசை கிடையாது. டெபாசிட் மார்ச்சில் முதிர்ந்தது. இரண்டு பேர் பெயரிலும் இருந்த கணக்கு. டேவிட்சன் அவளிடம் 'ரெனியூ பண்ணியாச்சு' என்று சொன்னார். சொன்னது பொய். பணம் முழுவதும் காயினாகியிருந்தது.

காயின் உலகத்தில் ஒரு வழக்கம் உண்டு. உங்கள் பொக்கிஷத்துக்குச் சாவி, பன்னிரண்டு ஆங்கிலச் சொற்கள். கணக்குத் திறக்கும்போது கம்ப்யூட்டரே தன்னிஷ்டத்துக்குப் பொறுக்கிக் கொடுக்கும் சாதாரணச் சொற்கள்தான்: கழுதை, ஜன்னல், உப்பு என்கிற மாதிரி. செல்போன் தொலைந்தாலும் உடைந்தாலும், அந்தப் பன்னிரண்டையும் வரிசை மாறாமல் புதுப் போனில் அடித்தால் பணம் திரும்பி வரும். சொற்கள் தொலைந்தால் ஆண்டவரே நேரில் வந்து மனுப் போட்டாலும் வராது. கஸ்டமர் கேர் கிடையாது. இதை எங்கே ஒளித்து வைப்பது? பீரோவில் வைத்தால் திருடன், கம்ப்யூட்டரில் வைத்தால் அவனைவிடப் பெரிய திருடன், லாக்கரில் வைத்தால் வங்கி. யோசித்து யோசித்து டேவிட்சன் ஒரு இடம் கண்டுபிடித்தார். கல்யாணத்தன்று சபையில் பரிசாகக் கொடுத்த ஆங்கில வேதாகமம் ஷோகேஸில், தோல் அட்டை மங்காமல் அப்படியே நின்றுகொண்டிருந்தது. லிடியா வாசிப்பது அவளுடைய தமிழ் வேதாகமம். தாம் வாசிப்பது... சரி, தம்மிடம் போனில் இருக்கிறது. இந்த வீட்டில் ஒரு கையும் தொடாத இடம் இதுதான் என்று அவருக்குச் சந்தேகத்துக்கு இடமில்லாமல் தெரிந்திருந்தது.

பன்னிரண்டு சொல்லும் வேதத்தில் கிடைக்கிற மாதிரி அமையும்வரை கணக்கை அழித்து அழித்துப் புதிதாகத் திறந்துகொண்டே இருந்தார். ஒரு முழுத் தசரா விடுமுறை அதற்கே போயிற்று. கடைசியில் அமைந்தபோது பன்னிரண்டு சீஷர்கள், பன்னிரண்டு கோத்திரங்கள் என்றெல்லாம் எண்ணி அவருக்குக் கண் கலங்கியதாகக் கேள்வி. பக்க வரிசைப்படி ஒவ்வொரு சொல்லின் அடியிலும் மெல்லிய பென்சில் கோடு. வேறெங்கும் எழுதி வைக்கவில்லை. எழுதி வைப்பவன் அவிசுவாசி.

நவம்பர் மாதம் ஒரு வெள்ளிக்கிழமை மாலை, மெட்ரோ ஸ்டேஷன் வாசலில் விலை பார்த்துக்கொண்டே நடந்தவருடைய கையிலிருந்து பைக்கில் வந்த இரண்டு பேர் செல்போனைப் பறித்துக்கொண்டு போனார்கள். மற்றவர்களாக இருந்தால் தெருவில் உட்கார்ந்து அழுதிருப்பார்கள். டேவிட்சன் புன்னகை செய்தார். போனது வெறும் டப்பா, பொக்கிஷம் வேறிடத்தில் பத்திரமாக இருக்கிறது என்று ஆட்டோக்காரரிடம் இந்தியில் விளக்கிக்கொண்டே வந்தார். சனிக்கிழமை புதுப் போன் வாங்கி, சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு ஷோகேஸைத் திறந்தார். வேதாகமம் இருந்த இடத்தில் ஒரு பீங்கான் வாத்து உட்கார்ந்திருந்தது.

லிடியாவைக் கேட்டார், அது எங்கே என்று, ஏதோ சும்மா கேட்பதுபோல. அறுப்பின் பண்டிகைக்குக் கொடுத்துவிட்டதாக அவள் சொன்னாள்.

அறுப்பின் பண்டிகை தெரியுமல்லவா? ஊரில் விளைச்சலின் முதற்பலனைச் சபைக்குக் கொண்டுவந்து படைப்பார்கள், படைத்ததை ஏலம் விட்டு ஊழியத்துக்குக் கொடுப்பார்கள். தில்லியில் அறுக்க யாருக்கும் வயல் இல்லை. ஆகவே மண்டியில் வாங்கிய பூசணிக்காய், வீட்டில் சுட்ட முறுக்கு, பால்கனித் தொட்டியில் காய்த்த ஏழு பச்சைமிளகாய், உபயோகமில்லாத டின்னர் செட் என்று எல்லாம் வரும். பூசணிக்காய் மூவாயிரத்துக்குப் போகும். அது காணிக்கை, ஏன் இந்த விலை என்று கேட்கக்கூடாது.

டேவிட்சன் சபைப் பொருளாளர் ஆல்பர்ட்டின் வீட்டுக்கு ஓடினார். ஆல்பர்ட் மத்திய அரசாங்கக் கணக்கு இலாகாவில் முப்பத்தைந்து வருஷம் இருந்து, ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸைக் காலிசெய்து மயூர் விஹாருக்கு வந்தவர். விதி என்று ஒன்று இருந்தால் அதைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு தூங்குகிற மனுஷர். ஒரு சின்னத் தவறு நடந்துவிட்டது, அந்த ஒரு புத்தகத்தை மட்டும் திருப்பிக் கொடுத்தால் பதிலுக்கு ஐந்து புதுசு வாங்கித் தருவதாக டேவிட்சன் கெஞ்சினார். காரணம் கேட்டதற்கு, பழைய ஞாபகம் என்றார். உண்மையைச் சொல்ல முடியுமா?

"படைச்சது படைச்சதுதான், தம்பி" என்றார் ஆல்பர்ட். "குடுத்தவங்களே ஆனாலும் ஏலத்துலதான் எடுக்கணும். ஒங்களுக்கு ஒண்ணு விட்டா நாளைக்கு பூசணிக்காய்க்காரரும் வருவாரு."

மறுநாள் ஏலம். ஆல்பர்ட் மைக்கைப் பிடித்தார். பூசணிக்காய் போயிற்று, கேக் போயிற்று, ஏழு மிளகாயும் எண்ணூறுக்குப் போயின. பிறகு வேதாகமம் வந்தது. ஆரம்ப விலை இருநூறு. டேவிட்சன் முந்நூறு என்றார். யாரும் வாய் திறக்கவில்லை. இரண்டு தரம் சொல்லியாயிற்று. அந்த நிமிடத்தில் டேவிட்சன் கொஞ்சம் பொறுமையாக இருந்திருந்தால் விஷயம் முடிந்திருக்கும். ஆனால் பயம் மனுஷனைச் சும்மா விடுமா? எதிரே ஒருவருமில்லாமலே "அஞ்சாயிரம்" என்று தன் விலையைத் தானே உயர்த்தினார்.

பின் வரிசையில் மைக்கேல் நிமிர்ந்து உட்கார்ந்தான். தெரிந்தவர் வாங்குகிறார். அதற்குமேல் அவனுக்கு என்ன வேண்டும்? "ஆறாயிரம்" என்றான். டேவிட்சன் திரும்பிப் பார்த்துக் கண்ணால் எரித்தார். குரு பதறப் பதற, சரக்கு அபூர்வம்தான் என்று சீடனுக்கு உறுதியாயிற்று. எட்டு, பத்து, பதினைந்து. இவர்கள் இரண்டு பேரும் இத்தனை வேகமாகப் போவதைப் பார்த்து, இதுவரை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த ஒரு டாக்டரும், மருமகன் அமெரிக்காவில் இருக்கிற ஒரு ரிட்டயர்டு ஹெட்மாஸ்டரும் உள்ளே இறங்கினார்கள். ஏன் என்று அவர்களுக்கும் தெரியாது. விலை ஏறுவதற்கு ஒரே காரணம் விலை ஏறிக்கொண்டிருந்ததுதான். இதைத்தான் இரண்டு வருஷமாக டேவிட்சன் ஸ்கூட்டர் மூலையில் நின்று உபதேசம் பண்ணிக்கொண்டிருந்தார், சபை அன்றைக்குத்தான் புரிந்துகொண்டது. நாற்பத்தோராயிரத்தில் மற்றவர்கள் ஒவ்வொருவராக ஓய்ந்தார்கள். ஒரு தரம், இரண்டு தரம், மூன்று தரம்.

சபை எழுந்து நின்று கை தட்டியது. வேதத்தின்மேல் இப்படி ஒரு தாகத்தைத் தம் ஊழியத்தில் கண்டதில்லை என்று போதகர் மைக்கிலேயே தழுதழுத்தார், ஒரு வார்த்தை சாட்சி சொல்லும்படி டேவிட்சனைக் கூப்பிட்டார். முழங்கை கிடைத்தால் ஒரு மணி நேரம் பேசுகிறவர் 'ஸ்தோத்திரம்' என்று மட்டும் சொல்லிவிட்டு, வேதாகமத்தை மார்போடு அணைத்துக்கொண்டு வெளியே ஓடினார். ஸ்கூட்டர் மூலையில் வைத்துத் திறந்தார். புரட்டினார். மறுபடி புரட்டினார். எல்லாப் பக்கமும் வெள்ளை வெளேரென்று இருந்தது.

லிடியா பின்னாலேயே வந்தாள். அவளுடைய முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை அவர் பார்த்து வெகுகாலமாயிற்று.

"கோட்டத் தேடுதீங்களா? ரப்பர் வச்சு அழிச்சிட்டேன் அத்தான். பழசக் குடுத்தாலும் சுத்தமாக் குடுக்கணும்லா" என்றாள். "தூசி தட்டும்போது கோட்டப் பாத்துட்டு எனக்கு அழுகையே வந்துட்டு. நீங்க வேதம் வாசிக்கீங்கன்னு நான் நெனைக்கவே இல்ல. கழுதைக்கு அடியில ஒரு கோடு, ஜன்னலுக்கு அடியில ஒரு கோடு. என்ன தியானம்னு வெளங்கல, ஏதோ ஆழமா இருக்கும்னு நெனச்சிக்கிட்டேன். இதுல எழுத்துப் பொடிசா இருக்கேன்னுதான், கிறிஸ்மஸுக்கு ஒங்களுக்குப் பெரிய எழுத்துல புதுசு வாங்கி வச்சிருக்கேன்."

டேவிட்சனுக்கு அங்கேயே பூமி பிளந்து தன்னை விழுங்கிக்கொண்டால் தேவலை என்றிருந்தது. அது நடக்காததால், வீட்டுக்குப் போகிற ஆட்டோவில் எல்லாவற்றையும் சொன்னார். மார்ச், டெபாசிட், காயின், பன்னிரண்டு சொல். ஆட்டோ நின்றதும் லிடியா இறங்கினாள். மூன்று மாடியும் கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியாக ஏறினாள். கதவைத் திறந்து, யூனிஃபார்மை எடுத்து இஸ்திரி போட்டாள்.

"நைட் டூட்டிய இன்னும் கொஞ்ச காலம் நான் பாத்துக்கிடுதேன்" என்றாள். "நீங்க உக்காந்து வாசிங்க."

அன்றிலிருந்து டேவிட்சன் வாசிக்கிறார். தினமும் காலையில் பால்கனியில் வெயில் சாய்வாக விழும் ஒரு மணி நேரம், பூதக்கண்ணாடியும் கையுமாக, பென்சில் அழுத்திய தடம் காகிதத்தில் எங்காவது தெரிகிறதா என்று ஆதியிலிருந்து ஒவ்வொரு வரியாகப் போகிறார். இதுவரை நான்கு சொல் கிடைத்திருக்கிறது. எதிர் ஃபிளாட்டுக்காரர்கள் பார்த்துவிட்டுச் சபையில் சொல்ல, அவரை வேதபாட வகுப்புக்குத் தலைவராக்கிவிட்டார்கள். மைக்கேல் தானும் பூதக்கண்ணாடி ஒன்று வாங்கிவிட்டான். தகப்பனுடைய கழுதைகளைத் தேடப் போன ஒருவன் ஒரு ராஜ்யத்தோடு திரும்பிய கதை அந்தப் புத்தகத்தில் வருகிறது. கழுதை என்ற சொல்லைத் தேடுகிற அவசரத்தில் டேவிட்சன் அந்தப் பக்கத்தைத் தாண்டிப் போய்விட்டார். உள் அறையில் திரை போட்டுக்கொண்டு, வெளிச்சத்தில் தூங்கப் பழகிய லிடியா தூங்கிக்கொண்டிருக்கிறாள்.

நீங்கள் காயின் வாங்கியதில்லை, ஒருவருடைய முழங்கையையும் பிடித்ததில்லை, ஆகவே நிம்மதியாகச் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஒரே ஒரு கேள்விக்கு மட்டும் பதில் சொல்லிவிட்டுச் சிரியுங்கள். உங்கள் வீட்டிலும் ஒரு ரகசியத்தை ஒளித்து வைக்க வேண்டும், யாருமே திறக்காத, நீங்களும் திறக்காத, ஆனால் வருகிறவர்கள் கண்ணில் படும்படி மரியாதையாக நிற்கிற புத்தகம் ஒன்று வேண்டும் என்றால், எதை எடுப்பீர்கள்? யோசிக்காமலே பதில் வந்துவிட்டதா? அப்படியானால் நீங்களும் இந்த இனம்தான். இன்னும் காயின் மட்டும்தான் வாங்கவில்லை.