முயலுக்கு ஒரு வாய் சர்பத்

முயல் சர்பத்தைக் குடிக்க மாட்டேன் என்றது.

"ஒரு வாய் ராசா... ஒரே ஒரு வாய்" என்று கூண்டின் முன் குத்தவைத்துக் கெஞ்சிக்கொண்டிருந்தார் உபகாரசாமி. காரைக்குடியில் ஒரு கல்லூரியில் விலங்கியல் விரிவுரையாளர். கல்லூரியில் முயலுக்கு இடமில்லை என்று கையை விரித்துவிட்டதால், ஆராய்ச்சி வீட்டுக் கொல்லைக்கு வந்துவிட்டது.

எழுபத்தேழாம் வருடம். மூளைக்கும் நோயை எதிர்க்கும் ரத்த அணுக்களுக்கும் பேச்சுவார்த்தையே கிடையாது என்றுதான் அவர் நடத்திய பாடப்புத்தகம் சொன்னது. உபகாரசாமிக்கு அதில் நம்பிக்கையில்லை. முயலுக்கு நன்னாரி சர்பத் கொடுத்து, கையோடு எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் ஊசியைப் போடுவார். சில வாரம் போனபின் ஊசியை நிறுத்திவிட்டு சர்பத்தை மட்டும் கொடுப்பார். அந்த ருசியை வைத்தே 'ஊசி வந்துவிட்டது' என்று மூளை ரத்தத்துக்குச் சொல்லுமா? சொன்னால் ரத்தம் கேட்குமா? நினைக்கும்போதே அவருக்கு மேனி சிலிர்த்துவிடும்.

முயல்களுக்கு ஒன்றும் சிலிர்க்கவில்லை. முதல் ஊசியிலேயே சர்பத் என்றால் வில்லங்கம் என்று தெரிந்துகொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டன.

வழிகாட்டிப் பேராசிரியர் சத்தியமூர்த்தி மதுரையிலிருந்து நேரில் வரப்போகிறார். காட்ட ஒன்றுமில்லையென்றால் டாக்டர் பட்டம் அம்போதான்.

"பச்சப்பிள்ளைக்கு ஊட்டுற மாதிரி மொதல்ல நீக குடிச்சுக் காட்டுங்க" என்றாள் மனைவி யூஜினியா, கேலியாக.

அவர் அதை யோசனையாகவே எடுத்துக்கொண்டார். தினமும் ஒரு மடக்குக் குடித்து, "ஆகா!" என்று சப்புக்கொட்டிக் காட்டினார். முயல்கள் வேடிக்கை பார்த்தன.

அடுத்து, குடித்துக் காட்டிய கையோடு முயலை மடியில் போட்டுக்கொண்டு பிள்ளைக்குப் பால் கொடுக்கும் பாலாடையால் புகட்டினார். அவருக்கோ முயல் முடி ஆகாது. தும்மல் பிய்த்துக்கொண்டு வரும், கையெல்லாம் தடித்துவிடும். தும்முகிற வேகத்தில் பாலாடை பறந்து சர்பத் தரையில் கொட்ட, எறும்பு வந்தது. எறும்புக்குப் பயந்து கூண்டைப் படுக்கையறைக்கு மாற்றினார். எறும்பும் கூடவே குடிவந்தது.

யூஜினியா பொறுத்துப் பார்த்தாள். சிங்கம்புணரி அண்ணன் அருள்பிரகாசம் வந்தபோது, "எறும்பு அடங்குற வரைக்கும் வச்சிருண்ணே" என்று முயல்களைக் கூடையில் போட்டுக் கொடுத்தனுப்பிவிட்டாள்.

உபகாரசாமி அலறியடித்துக்கொண்டு சிங்கம்புணரிக்கு ஓடினார்.

"வாங்க மாப்ள! என்னா முயலு! மிளகு அரைச்சுப் போட்டு வறுத்தோம். கறி லேசா இனிச்சுச்சு."

"வச்சிருக்கத்தானே சொன்னா!"

"வச்சுத்தானே இருந்தோம், ஞாயித்துக்கெழம வரைக்கும்."

மாதம் ஒன்று ஓடியது. பேராசிரியர் வந்து உட்கார்ந்தார். உபகாரசாமி தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றையும் சொன்னார். யூஜினியா இரண்டு தம்ளரில் நன்னாரி சர்பத் கொண்டுவந்து வைத்தாள். உபகாரசாமி ஒரு மடக்குக் குடித்தார்.

"அச்சு!" இன்னொன்று. கண் சிவந்து, மூக்கு ஒழுகியது.

"முயல் முடி இன்னும் கிடக்கா?" என்றார் பேராசிரியர்.

"எங்கிட்டுக் கெடக்கு? பினாயில் ஊத்தி வீட்டையே கழுவிட்டேன் சார். ஒரு மாசமா ஒத்தத் தும்மல் இல்ல, நல்லாத்தான் இருந்தாக" என்றாள் யூஜினியா.

பேராசிரியர் தம்ளரை மெல்லக் கீழே வைத்தார். "தினமும் நீங்க குடிச்சிட்டுத்தான் முயலைத் தூக்குவீங்களா?"

"ஆமா சார். குடிச்சுக் காட்டிட்டு, மடியில..."

பாதியில் நின்றுவிட்டார். கையைப் பார்த்தார். அவர் கண்ணெதிரே தோல் ஒவ்வொரு இடமாகத் தடித்து எழும்பிக்கொண்டிருந்தது. வீட்டில் முயல் இல்லை, ஒரு முடிகூட இல்லை. நாக்கு மூளைக்குச் சொல்லியிருக்கிறது, மூளை ரத்தத்துக்குச் சொல்லியிருக்கிறது, ரத்தம் கேட்டிருக்கிறது. பூசையில் நிற்பவர்போல அவர் அசையாமல் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இருந்து என்ன சார், காட்டுறதுக்கு ஒரு முயல்கூட இல்லையே" என்றார் கடைசியில், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

பேராசிரியர் பையிலிருந்து பேனாவை எடுத்தார்.

"யாரு சொன்னா இல்லேன்னு? எனக்கு எதுத்தாப்லதான் உக்காந்து தும்மிக்கிட்டிருக்கு."