ஏழு டம்ளர் பூகம்பக் கருவி

ருக்மணியைப் பயமுறுத்துவது என்று முடிவு செய்தேன்.

கல்யாணமாகி இருபத்தெட்டு வருஷத்தில் நான் எடுத்த மிகத் துணிச்சலான முடிவு அது. எங்கள் வீட்டில் பயப்படும் இலாகா எப்போதும் என்னிடம்தான் இருந்தது. அதில் கொஞ்சத்தை அவளுக்குப் பிரித்துக் கொடுத்தால்தான் நாங்கள் ஓசூர் திரும்ப முடியும் என்ற நிலைமை.

விஷயம் இதுதான். எங்கள் ஜெனரேட்டர் கம்பெனி அந்தமானில், போர்ட் பிளேரில், ஒரு சர்வீஸ் சென்டர் திறந்தது. அதைப் பார்த்துக்கொள்ள அனுபவசாலி ஒருவர் வேண்டும் என்று மீட்டிங்கில் கேட்டார்கள். யார் கண்ணிலும் படாமலிருக்கத் தலையைக் குனிந்துகொண்டேன். தலையாட்டினேன் என்று எடுத்துக்கொண்டு ஆர்டர் அடித்துவிட்டார்கள்.

ஐம்பத்து நாலு வயது வரை ஓசூர் மூக்கண்டப்பள்ளி வாடகை வீட்டில் தரையோடு தரையாக வாழ்ந்தவன் நான். நான் பார்த்த பெரிய தண்ணீர் கெலவரப்பள்ளி அணை. அதற்கும் அக்கரை தெரியும். இங்கே, வாழ்க்கையில் முதல் ஃபிளாட், மூன்றாம் மாடியில். ஜன்னலைத் திறந்தால் கடல். மூடினாலும் கடல்தான், சத்தம் கேட்கிறது.

வீடு பிடிக்கும்போதே குழப்பம். பூகம்பம் வந்தால் தரைத்தளம் நல்லது. அலை வந்தால் மேல்தளம் நல்லது. முதலில் பூகம்பம் வரும், பின்னாலேயே அலை வரும் என்று எங்கோ படித்திருந்தேன். அப்படியானால் மனுஷன் முதலில் கீழே ஓட வேண்டும், பிறகு மேலே ஓட வேண்டும். இதைப் புரோக்கரிடம் கேட்டேன்.

"இங்க லிஃப்ட் இல்ல சார். நல்லா ஓடலாம்" என்றார்.

முப்பது நாள் கழித்து ஒரு படிவம் வந்தது. 'தொடர்ந்து பணிபுரிய விருப்பம்', 'ஓசூர் திரும்ப விருப்பம்' என்று இரண்டு கட்டங்கள். இரண்டாவதில் டிக் அடித்தால் காரணம் எழுத வேண்டும். குடும்பக் காரணம் என்றால் மனைவி கையெழுத்துப் போட வேண்டும். திங்கட்கிழமைக்குள் அனுப்பாவிட்டால் மூன்று வருஷம் இங்கேதான்.

'எனக்குப் பயமாக இருக்கிறது' என்று நானே எழுதலாம். ஆனால் தொழிற்சாலையில் இருபது வருஷம் பாதுகாப்புக் கமிட்டியில் இருந்து, பச்சைத் தொப்பி போட்டுக்கொண்டு மற்றவர்களுக்குத் தைரியம் சொன்னவன் நான். என் ஜூனியர் பாஸ்கரன் வழியனுப்பு விழாவில் எனக்குக் குழந்தைகள் நீச்சல் வளையம் ஒன்றைப் பரிசாகக் கொடுத்தான். மஞ்சள் நிறம். முன்னால் வாத்துத் தலை. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து, அது என் எடையைத் தாங்குமா என்று ரகசியமாகப் பார்த்தேன். இப்போது ஊதியபடியே கதவுக்குப் பின்னால் தொங்குகிறது.

ஆகவே ருக்மணிதான் பயப்பட்டாக வேண்டும்.

"ருக்கு, இந்த ஊர்க் கடல்ல முதலை இருக்குதாம்."

"இருக்கட்டும். மூணு மாடி ஏறி வந்துச்சுன்னா அதுக்கும் ஒரு வாய் காபி குடுப்போம்."

"பூமி ஆடுமாம்."

"மூக்கண்டப்பள்ளில பின்னாடியே தகடு அடிக்கிற பிரஸ் ஷாப்பு. நாளெல்லாம் செவுத்துல மாட்டின படம் ஆடிட்டே இருக்கும். அதுல குறட்டை விட்டவரு நீங்க."

"நான் வேலைக்குப் போயிட்டா தனியா இருக்கணும். பேசக்கூட ஆள் இல்ல."

"யாரு சொன்னா? எதுத்த வீட்டுப் பூவம்மாக்கா தமிழு. கீழ் வீட்ல தெலுங்கு. மீன்காரம்மாகிட்ட இந்தி, கொஞ்சம் கையும் சேத்து. கன்னடத்துக்குத்தான் இன்னும் ஆளு சிக்கல. தேடிட்டிருக்கேன்."

முப்பது நாளில் அவள் ஊரையே குடும்பமாக்கிவிட்டாள். நான் இன்னும் மாடிப்படிகளை எண்ணிக்கொண்டிருந்தேன். நாற்பத்தெட்டு.

கடைசி ஆயுதமாக, எனக்குத் தெரிந்த தொழிலையே எடுத்தேன். ஃப்ரிட்ஜின் மேல் ஏழு எவர்சில்வர் டம்ளர்களைக் கவிழ்த்துக் கோபுரமாக அடுக்கி, உச்சியில் ஒரு தட்டு வைத்தேன். பூகம்பம் கண்டுபிடிக்கும் கருவி. லேசாக அதிர்ந்தாலே விழும்.

"எங்க ஃபேக்டரில ஒத்திகை நடத்துற மாதிரி கேட்டுக்கோ. இது விழுந்தா முதல்ல கேஸ மூடணும். கதவுகிட்ட இருக்கிற அவசரப் பையை எடுக்கணும். மூணாவதுதான் முக்கியம். தனியா ஓடக் கூடாது. பக்கத்துல இருக்கிறவங்க கையைப் பிடிச்சுக்கிட்டுச் சேர்ந்து ஓடணும்."

"உங்க ஃபேக்டரில அப்படித்தான் ஓடுவாங்களா?"

உண்மையில் அங்கே யாரும் ஓடியதில்லை. 'இது ஒத்திகை மட்டுமே. யாரும் பதற வேண்டாம்' என்று முதலிலேயே மைக்கில் சொல்லிவிடுவோம். டீ கிளாஸோடு நடந்து வருவார்கள். அதை அப்போது அவளிடம் சொல்லவில்லை.

"இது நெஜமாவே விழுமாங்க?" என்றாள். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷம் எனக்கே பிடிக்கவில்லை. கட்டிய மனைவி பயப்படுவதைப் பார்த்து மகிழ்கிறவன் என்ன மனுஷன்? ஆனாலும் படிவத்தை எடுத்து நீட்டினேன்.

"இப்ப வேணாம்" என்றாள். "திங்கக்கிழமைக்குள்ள இந்த டம்ளர் விழுந்துச்சுன்னா போடறேன். விழலைன்னா முதல் கட்டத்துல நீங்க டிக் அடிக்கணும்."

அன்றிலிருந்து என் நிலைமையை யோசித்துப் பாருங்கள். பூகம்பம் வரக் கூடாது என்று காலையில் கும்பிட்டேன். சின்னதாக ஒன்று வந்தால் தேவலை என்று மாலையில் கும்பிட்டேன். சாமிக்கே குழப்பமாக இருந்திருக்கும்.

சனிக்கிழமைவரை தட்டுகூட அசையவில்லை. ஞாயிறு காலை பதினோரு மணி. ஹாலில் படிவத்தை மடியில் வைத்துக்கொண்டு கடலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சமையலறையிலிருந்து ருக்மணி ஏதோ சொன்னாள். "ம்" என்றேன். அவள் சொல்வதற்கெல்லாம் நான் சொல்லும் 'ம்'.

திடீரென்று ஃப்ரிட்ஜ் கடகடவென்று ஆடியது. ஏழு டம்ளரும் ஒரு தட்டும் தரையில் விழுந்த சத்தம் இருக்கிறதே, என் இருபது வருஷக் கமிட்டியில் அப்படி ஒரு சைரன் கேட்டதில்லை.

அதன்பின் நான் எதையும் யோசிக்கவில்லை. கால்கள் யோசித்தன.

நாற்பத்தெட்டுப் படி. லுங்கி முழங்காலுக்கு மேல். கீழே வந்து திறந்த வெளியில் நின்றேன். எதிரே கடல். அலை பின்னால் வரும் என்பது ஞாபகம் வந்தது. திரும்பினேன். மறுபடி நாற்பத்தெட்டு. எங்கள் வீட்டைத் தாண்டி இன்னும் பதினாறு. மொட்டை மாடி. தண்ணீர்த் தொட்டியைக் கட்டிப்பிடிக்கக் கண்ணை மூடிக்கொண்டு பாய்ந்தேன். கட்டிப்பிடிக்க முடியவில்லை. நடுவில் ஏதோ தடுத்தது. குனிந்து பார்த்தேன்.

வாத்து.

அவசரப் பை கதவருகில் அப்படியே இருக்க, நீச்சல் வளையத்தை மாட்டிக்கொண்டு ஓடியிருக்கிறேன்.

கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த பூவம்மாள் என்னையும் கடலையும் மாறி மாறிப் பார்த்தாள். கடல் குளம் மாதிரி கிடந்தது.

"என்னண்ணே, குளிக்கவா?"

அதற்குள் ருக்மணி படியேறி வந்தாள். ஓடி வரவில்லை. நடந்து வந்தாள். நெற்றியில் வியர்வை. கையில் ஒன்றரை முழக் கட்டை, நுனியில் ஆவி பறக்கும் ராகிக் களி.

"ருக்கு... பூகம்பம்..."

"பூகம்பம் இல்லீங்க. களி."

ஓசூரிலிருந்து கப்பலில் போட்ட சாமான் மூன்று நாள் முன்னால்தான் வந்து சேர்ந்தது. அதில்தான் ராகி மாவு. எங்கள் ஊரில் களியைக் கரண்டியால் கிண்ட முடியாது. பாத்திரத்தைத் தரையில் வைத்து, இரண்டு காலாலும் அணைத்துப் பிடித்து, முழு பலத்தோடு கட்டையால் கிண்ட வேண்டும். மூக்கண்டப்பள்ளியில் முதுகுக்குச் சுவர் இருந்தது. இந்தக் குட்டிச் சமையலறையில் ஃப்ரிட்ஜ்தான் இருந்தது. அதோடு இன்றைக்கு நாலு வீட்டுக்குச் சேர்த்துக் களி.

"ஃப்ரிட்ஜுல முட்டுக் குடுத்துக் கிண்டப் போறேன், டம்ளரை எடுத்து வைங்கன்னு சொன்னேன். 'ம்'னீங்க."

பூவம்மாள் சிரிப்பை அடக்கத் துணியை வாயில் வைத்துக்கொண்டாள். ருக்மணி அவள் பக்கம் திரும்பினாள்.

"சிரிக்காதீங்கக்கா. அவரு ஒத்திகை பண்ணிக் காட்டினாரு. ஊர்ல இதான் அவருக்கு வேலை."

அந்த நிமிஷம் அவள் காலில் விழலாம் போலிருந்தது. பூவம்மாள் நம்பினாளோ இல்லையோ, துணிக்கூடையோடு கீழே போனாள். நாங்கள் மட்டும் நின்றோம்.

"கேஸ மூடினேன்" என்றாள் ருக்மணி. "பையையும் எடுத்து வச்சேன். கையைத்தான் பிடிக்க முடியல. கையைக் காணோம்."

நான் வாத்தின் தலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இறங்கும்போது ஒரு தடவை, ஏறும்போது ஒரு தடவை. ரெண்டு தடவையும் நம்ம வாசல் வழியாத்தான் போனீங்க. ஒரு 'ருக்கு' வரல வாயில."

கடலையும் பூமியையும் பற்றி அவ்வளவு பயந்தவன், என்னைப் பற்றியல்லவா முதலில் பயந்திருக்க வேண்டும்?

"டம்ளர் விழுந்துச்சே" என்றேன், கடைசி முயற்சியாக. "கையெழுத்துப் போடறேன்னு..."

"போடறேன். காரணம்னு ஒரு இடம் இருக்குதே, அதுல நடந்ததை நடந்த மாதிரி எழுதிப் போடறேன். ஓசூர்ல பாஸ்கரன் தம்பிதானே முதல்ல பிரிச்சுப் படிக்கும்?"

முதல் கட்டத்தில் டிக் அடித்தேன். பேனா கட்டத்தைத் தாண்டி ஓடப் பார்த்தது. அவள் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். டிக் நேராக வந்தது.

களி நன்றாக இருந்தது. மீன் குழம்போடு நாலு வீடும் சாப்பிட்டது.

இன்னும் இரண்டு வருஷம் பதினோரு மாதம் பாக்கி. ஒவ்வொரு ஞாயிறும் கட்டையைக் கையில் எடுத்ததும் ருக்மணி சமையலறை வாசலுக்கு வந்து, நாலு வீட்டுக்கும் கேட்கும்படி அறிவிக்கிறாள்:

"ஏங்க, களி கிண்டப் போறேன். யாரும் பதற வேண்டாம்."