நோபல் பார்க் சாமியார்

"என்ர பேர் கதிர்காமநாதன். வயசு இருபத்தேழு. இப்ப நான் இருக்கிறது மெல்பேர்னில, நோபல் பார்க் எண்ட இடத்தில, மேல்மாடிப் பிளாற்றில. நான் சாமியார் இல்லை."

பாஸ்கர் கையை நீட்டி ரெக்கோர்டரை நிறுத்தினான்.

"அம்மாவுக்கு கேசட் அனுப்புறியா, கோர்ட்டுல சாட்சி சொல்றியா? அம்மாங்கற வார்த்தையே வரலை."

"பதட்டத்தில மறந்துபோனன்."

"எடுத்ததும் நான் சாமியார் இல்லேன்னா எந்தத் தாய் நம்புவா? யாரும் கேக்காமலே நான் குடிக்கலைங்கறவனைப் பாத்தா உனக்கு என்ன தோணும்?"

கதிர்காமநாதன் யோசித்தான். குடித்திருக்கிறான் என்றுதான் தோன்றியது.

இருவரும் ஒரே பிளாற்றில் குடியிருந்து, டண்டினோங்கில் ஒரே தொழிற்சாலையில் இயந்திரப் படம் வரைபவர்கள். பாஸ்கர் திருச்சிக்காரன். கதிர்காமநாதன் கொக்குவில். தொழிற்சாலையில் வாரக் கடைசிகளில் கூடி நடக்கிற கழகம் ஒன்று இருந்தது. எழுபத்தெட்டு ஐப்பசியில் அவர்கள் நேபாளத்துக்குப் போய், இமயமலையில் பதினாறு நாள் நடப்பது என்று முடிவெடுத்தபோது கதிர்காமநாதனும் பெயர் கொடுத்தான். அவன் பிறந்த ஊரில் ஏறுவதற்கு இருந்த அதிக உயரம் பனைமரம். அதிலும் அவன் ஏறியதில்லை.

போய்விட்டு உயிரோடு திரும்பி வந்து கதவைத் திறந்தால், பாஸ்கர் எடுத்து வைத்த மூன்று கடிதங்களும் ஒரு தந்தியும் மேசையில் கிடந்தன. தந்தி இப்படி இருந்தது: "இமயமலை போகாதே. சம்பந்தம் குழம்புது. அம்மா."

பிழை அவனுடையதுதான். புறப்படும் முன் எழுதிய விமானக் கடிதத்தில் இடம் முடிந்துவிட்டதால், ஓரத்தில் நெருக்கி எழுதியிருந்தான்: "இமயமலைக்குப் போறன். சங்கிலியையும் மோதிரத்தையும் லீவில வாற கல்யாணசுந்தரத்திட்டக் குடுத்து விடுறன். எனக்கு இனி அது தேவைப்படாது. மிச்சம் பிறகு." மலையில் நகை போடக் கூடாது என்று கழகத்தில் சொல்லியிருந்தார்கள். அதை எழுத இடம் போதவில்லை.

பொன்னைக் கழற்றி வீட்டுக்கு அனுப்பிவிட்டு இமயமலைக்குப் போகிறவன் எதற்குப் போகிறான் என்பதில் கொக்குவிலில் இரண்டு கருத்து கிடையாது. அவர்கள் அறிய அங்கே போன ஒரே ஆள் ஒரு பழைய தபாலதிபர். அவர் இன்றுவரை பென்சன் எடுக்க வரவில்லை.

சம்பந்தம் என்றது இணுவில் யோகாவை. விஞ்ஞானம் படிப்பிக்கிற ரீச்சர். இரண்டு தங்கைகளுக்கு மூத்தவள். வீடும் தோட்டக் காணியும் சீதனமாக வேண்டும் என்று அம்மா ஒரே பிடியாக நின்று, ஆறு மாதம் இழுபட்டு, ஒருவாறு பேச்சு முடிந்திருந்தது. கதிர்காமநாதனுக்குச் சீதனம் நினைவில் இல்லை. யோகாவின் கடிதம்தான் நினைவில் இருந்தது. அவன் முதல் கடிதத்தில் அவளிடம் இலக்கமிட்டுப் பதினொரு கேள்விகள் கேட்டிருந்தான். அவள் ஒரே வரியில் பதில் எழுதியிருந்தாள்: "எல்லாவற்றுக்கும் ஓம், ஏழாவதுக்கு மட்டும் இல்லை." ஏழாவது கேள்வி என்னவென்று அவனுக்கு ஞாபகமில்லை. அந்த நிமிடத்திலிருந்து அவளைத் தவிர வேறு யாரையும் கட்டுவதில்லை என்று இருந்தான். நடைப்பயணம் பற்றி அவளுக்கு மட்டும் நாலு பக்கத்தில் விளக்கமாக எழுதியிருந்தான். அதற்குப் பதிலே இல்லை.

"மறுபடி ஆரம்பி," என்றான் பாஸ்கர். "என்ன நடந்துச்சோ அதை அப்படியே சொல்லு. உண்மைக்கு ஒரு பலம் இருக்கு."

கதிர்காமநாதன் தொண்டையைச் செருமினான்.

"அம்மா, நான் போனது வேலைத்தல ஆக்களோட நடக்க. ஏழு பேர். விடிய நாலரைக்கு எழும்புவம். கதைக்காமல்தான் நடக்கிறது, கதைச்சா மூச்சு வராது. ராவில ஆரின்ரையோ வீட்டுப் பரண்ல படுக்கிறது. கீழ ஆடு, மேல நாங்கள். அவை தாறதைத்தான் சாப்பிடுவம், அவிச்ச உருளைக்கிழங்கும் உப்பும். அடிவாரத்தில ஒரு ஊர்ல திருநாள். ஒரு மனிசி என்ர நெத்தி முழுக்கச் சிவப்பு அரிசியை அப்பிவிட்டவ. மேல போகப் போக மந்திரம் வெட்டின கல்லுச் சுவருகள். அதைச் சுத்திக்கொண்டுதான் போகவேணும். பிறகு ஸியாபுரு எண்டு ஒரு ஊர், மலை முதுகில ஒரே ஒரு தெரு, ரெண்டு பக்கமும் பள்ளம். அங்க நிண்டு கீழ பார்த்தா முகில் தெரியுது. மழை எங்களுக்குக் கீழ பெய்யுது அம்மா."

அந்த இடத்தில் அவன் குரல் கொஞ்சம் மாறியது. பாஸ்கர் அதைக் கவனித்தான்.

"குளிக்கேல்லை. ஒருநாள்தான் குளிச்சனான், அதுவும் வேணுமெண்டில்லை. பதினாலாயிரம் அடியில சிவனுடைய ஏரி ஒண்டு, கோசாயின்குண்டம் எண்டு சொல்லுவினம். அதில கால் சறுக்கி விழுந்துபோனன். அடுத்தநாள் கணவாய். பத்து அடி வைக்கிறது, நிக்கிறது. பத்து அடி வைக்கிறது, நிக்கிறது. மேல போனாப் பிறகு எனக்கு ஒண்டுமே வேண்டாம் போல இருந்தது."

பாஸ்கர் ரெக்கோர்டரை நிறுத்தினான்.

"நாதா. விடியக்காலைல எந்திரிச்ச. மௌனமா நடந்த. குடுத்ததை வாங்கித் தின்ன. சிவன் ஏரியில முங்கின. கடைசியில ஒண்ணுமே வேண்டாம்னுட்ட. இதுல நீ சாமியார் இல்லேங்கறது எந்த இடத்துல வருது?"

"முதல் வரியில."

"அதைத்தான் அழிச்சிட்டோமே."

ஆனாலும் உண்மைக்குப் பலம் இருக்கிறது என்று நம்பி அனுப்பினார்கள். அம்மாவிடம் ரெக்கோர்டர் இல்லை. பக்கத்து வீட்டுச் சத்தியபாமா அக்காவிடம் இருந்தது. இரண்டு கிழமையில் தந்தி வந்தது: "கசற் கேட்டோம். எல்லோரும் அழுதோம். பாமா கற்பூரம் கொளுத்தினா."

"சரி, படம் அனுப்பு," என்றான் பாஸ்கர். "படம் பொய் சொல்லாது."

எழுபத்திரண்டு படங்கள் இருந்தன. கட்டிலில் பரப்பிப் பார்த்தார்கள். எல்லாவற்றிலும் தாடி. எல்லாவற்றிலும் மூங்கில் தடி. ஏரியில் விழுந்து ஜாக்கெட் நனைந்த பிறகு எடுத்தவற்றில், ஒரு கிராமத்தில் வாங்கிய சிவப்புக் கம்பளியைப் போர்த்திக்கொண்டு நின்றான். கணவாயின் உச்சியில் கண்ணை மூடி முகத்தை வானத்துக்குக் காட்டிக்கொண்டிருந்தான். உண்மையில் அது தலையிடி.

ஒரே ஒரு படத்தில் பல் தெரியச் சிரித்தான். அதில் தட்டச்சுப் பிரிவு மார்கரெட் அவன் தோளில் கை போட்டபடி நின்றாள். வயது ஐம்பத்தெட்டு. ஏழு பேரில் கணவாயை முதலில் கடந்தவள்.

"இதை அனுப்புவம். சாமியார் உப்பிடிச் சிரிக்கமாட்டார்."

"வெள்ளைக்காரி தோள்ல கை போட்டிருக்கா."

"அவ வயசுபோன மனிசி, பாஸ்கர்."

"படத்துல வயசு தெரியல, தொப்பிதான் தெரியுது. சாமியாரா வெள்ளைக்காரியா, ஏதாவது ஒண்ணை முடிவு பண்ணு."

பாஸ்கர் கத்தரிக்கோல் எடுத்தான். படம் வரைகிற கை. சுத்தமாக வெட்டினான். மார்கரெட் போய்விட்டாள். கை மட்டும் தோளில் தங்கிவிட்டது. அதையும் எடுப்பதென்றால் தோளை வெட்ட வேண்டும்.

"சின்னக் கைதான். கவனிக்க மாட்டாங்க."

பத்தாம் நாள் தந்தி வந்தது. "யாருடைய கை."

கதிர்காமநாதன் அன்றே கொக்குவிலில் ஒரு கடைத் தொலைபேசிக்கு அழைப்புப் பதிவு செய்தான். ஐந்து மணி நேரம் காத்திருந்து மூன்று நிமிடம் கிடைத்தது. அதில் ஒரு நிமிடம் அம்மாவைக் கடைக்குள் கூட்டிவரப் போய்விட்டது.

"அம்மா, அது மார்கரெட்டின்ர கை. வயசுபோன மனிசி."

"ஆரது? சாமியாரம்மாவோ?"

"இல்லை, ரைப் அடிக்கிறவ."

"மலையிலயோ?"

"இல்லை அம்மா, இஞ்ச. மலைக்கு வந்தவ."

"அவவும் எல்லாத்தையும் விட்டிட்டாவோ?"

"இல்லை அம்மா, திங்கக்கிழமை வேலைக்கு வந்திட்டா."

"நீ திரும்பி வா மோனை. எனக்கு ஒண்டும் வேண்டாம், நீ வா," என்று அம்மா அழத் தொடங்க, மூன்று நிமிடம் முடிந்தது.

அடுத்த தந்தி அந்தக் கிழமையே வந்தது. "யோகாவின் மாமன் அரியரத்தினம் சிட்னியிலிருந்து சனி காலை உன்னைப் பார்க்க வாறார். தாடி எடு."

வெள்ளிக்கிழமை மாலை, வேலை முடிந்த கையோடு டண்டினோங்கில் ஒரு கிரேக்கரின் சலூனுக்குப் போனான். தாடியை எடுத்த கிரேக்கர், தலைமயிரையும் ஒழுங்குபடுத்தலாம் என்று சீப்பை விட்டவர், இரண்டடி பின்னால் போனார். இமயமலைப் பரண்களிலிருந்து கதிர்காமநாதனோடு சில பேர் துணைக்கு வந்திருந்தார்கள். தலை ஏன் கடிக்கிறதென்று தெரியாமல், கவலையால்தான் என்று நினைத்து அவன் ஒரு மாதமாகச் சொறிந்துகொண்டிருந்தான். கிரேக்கர் கேள்வி கேட்கவில்லை. முழுவதையும் வழித்துவிட்டார்.

மொட்டையோடு வந்தவனைப் பாஸ்கர் நெடுநேரம் பார்த்தான்.

"தாடிதானே எடுக்கச் சொன்னாங்க?"

"பேன்."

பாஸ்கர் உடனே தன் தலையைத் தடவிப் பார்த்தான். வீட்டிலிருந்த துணி எல்லாவற்றையும் சுடுதண்ணீரில் அவிக்க வேண்டும் என்றான். கீழ்த்தளத்து அண்டாவில் எல்லாவற்றையும் கொட்டி அவித்தார்கள். சட்டை, வேட்டி, தலையணை உறை, எல்லாம். நேபாளத்துச் சிவப்புக் கம்பளியையும் சேர்த்தே.

வெள்ளையாகப் போனது ஒன்றும் வெள்ளையாக வரவில்லை. பாஸ்கர் ஒவ்வொன்றாகத் தடியால் தூக்கிப் பார்த்தான்.

"காவி. எல்லாமே காவி. நாதா, என் ஜட்டிகூடத் துறவு வாங்கிடுச்சு."

காலையில் காய்ந்திருந்தது ஒரு வேட்டியும் ஒரு துண்டும்தான். காற்சட்டைகள் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தன. மலையிறக்கத்தில் கால்விரல் நகங்கள் கழன்றிருந்ததால் சப்பாத்தும் போட முடியாது.

"பரவாயில்லை," என்றான் பாஸ்கர். "ஆளை மாத்த முடியாது, வீட்டை மாத்துவோம். பாக்கிற இடமெல்லாம் ஆசாபாசமா இருக்கணும்." முன் வீட்டு இத்தாலியனிடமிருந்து ஆறு பியர்ப் போத்தல் வாங்கி மேசையில் அடுக்கினான். குதிரைப் பந்தயப் பக்கத்தை விரித்து வைத்தான். குசினியில் ஆட்டிறைச்சியைப் பொரிக்கத் தொடங்கினான்.

மணி அடித்தது. கதிர்காமநாதன் கதவைத் திறந்தான்.

அரியரத்தினம் கழுத்துப்பட்டி கட்டிய குள்ளமான மனிதர். வென்ட்வேர்த்வில்லில் வீடு, ஏதோ கொம்பனியில் கணக்காளர். இரவு முழுக்க ரயிலில் வந்திருந்தார். அவர் மொட்டையிலிருந்து பார்த்துக்கொண்டே வந்து, காவி வேட்டியைக் கடந்து, வெறுங்காலில் முடித்தார். பிறகு தன் சப்பாத்தைக் கழற்றினார். கையெடுத்துக் கும்பிடுவதா கைகொடுப்பதா என்று தெரியாமல் இரண்டையும் பாதி செய்தார்.

"வாங்கோ அங்கிள். இருங்கோ. நான் சாமியார் இல்லை."

"ஓமோம்," என்று அவர் கதிரை நுனியில் இருந்தார். "காலமை என்ன சாப்பிட்டனீர்?"

"கஞ்சி. நேபாளத்துத் தண்ணி வயித்துக்கு ஒத்துவரேல்லை."

"மச்சம், மாமிசம் எல்லாம் விட்டாச்சோ?"

"இல்லை, இல்லை. பாஸ்கர், இறைச்சியைக் கொண்டுவா."

பாஸ்கர் தட்டோடு வந்தான். "சார், இவன் தினம் இதைத்தான் சாப்பிடுவான். தடுத்தாலும் கேக்க மாட்டான்."

கதிர்காமநாதன் ஒரு பெரிய துண்டாக எடுத்து மென்றான். விழுங்கினான். சிரித்தான். பிறகு எழுந்து குளியலறைக்கு ஓடினான். அங்கிருந்து வந்த சத்தத்தை மூன்று நிமிடம் மற்ற இருவரும் கேட்டார்கள்.

அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்தபோது, அரியரத்தினம் ஒரு பியர்ப் போத்தலைத் திறந்து பாதி முடித்திருந்தார். முகத்தில் ஒரு திருப்தி தெரிந்தது. பையிலிருந்து கமெராவை எடுத்தார்.

"அந்த யன்னலடியில நில்லும் தம்பி. துண்டை ஒழுங்காப் போர்த்தும். கண்ணை மூடினா இன்னும் நல்லது."

"என்னத்துக்கு அங்கிள்?"

"ஊருக்கு அனுப்ப."

கிளிக். கிளிக். கதிர்காமநாதன் கண்ணை மூடவில்லை. ஆனால் கண் கலங்கியதில் படம் இன்னும் பொருத்தமாக அமைந்தது.

"அங்கிள், உங்களைக் கையெடுத்துக் கும்பிடுறன்," என்று அவன் கும்பிட்டான். அதையும் ஒரு படம் எடுத்தார். "இந்தப் படத்தை அனுப்பினியளெண்டா எல்லாம் முடிஞ்சுது. அம்மா உயிரோட இருக்கமாட்டா. யோகா எனக்கு இல்லை. அவ ஏழாவதுக்கு மட்டும்தான் இல்லை எண்டவ, மிச்சம் எல்லாத்துக்கும் ஓம். நான் சும்மா நடக்கத்தான் போனனான். அவவுக்கு நாலு பக்கம் எழுதினனான். தயவுசெய்து அவவுக்குச் சொல்லுங்கோ, நான் சாமியார் இல்லை எண்டு."

அரியரத்தினம் கமெராவைக் கவனமாக உறைக்குள் போட்டு, மிச்சப் பியரையும் குடித்து முடித்து, எழுந்து வந்து அவன் தோளில் கை வைத்தார்.

"நீர் சாமியாராப் போயிட்டீர் எண்டு ஊரில கதையைத் தொடக்கினதும் யோகாதான், இந்தப் படத்தைக் கேட்டதும் யோகாதான், உம்மட அம்மா பயந்துபோய்ச் சீதன வீட்டை அவளின்ர தங்கச்சிமாருக்கே விட்டிட்டா, தோட்டக் காணியையும் விடுற வரைக்கும் தயவுசெய்து மொட்டையாவே இரும் தம்பி."